சி டிரைவுக்குக் காவல் இருந்தவர்

சாத்தான்குளம் சுந்தர்சிங் தன் உத்தியோகத்தில் ஒரே ஒரு நாள் பிரமாதமாக வேலை செய்தார். அது 2004-இல். அடுத்த இருபது வருடத்தையும் அந்த ஒரு நாளைக் காட்டியே ஓட்டினார்.

தூத்துக்குடியில் செல்வதுரை அண்ணாச்சியின் கிளியரிங் ஏஜென்சியில் அவர் சீனியர் கிளார்க். ஏற்றுமதிக்காரர்களின் சரக்குக்கு ஷிப்பிங் பில் என்ற ஏற்றுமதிப் பத்திரம் தயாரித்து, கஸ்டம்ஸுக்கு அனுப்பி, கப்பல் கெடு முடிவதற்குள் கன்டெய்னரைத் துறைமுகத்துக்குள் விடுவது அவர்கள் தொழில். அந்த வருடம் ஒரு காலையில் அலுவலகத்தின் ஒரே கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. விண்டோஸ் குடியிருக்கும் சி டிரைவில் எள் போட இடமில்லை. மெக்கானிக் வர இரண்டு நாள் ஆகும் என்றார்கள். சுந்தர்சிங் உட்கார்ந்தார். பில் மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி நிறுவினார். ஊரே கண்ணை மூடிக்கொண்டு 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று தட்டிக்கொண்டு போகிற இடத்தில், 'பிரவுஸ்' என்ற பொத்தானை அழுத்திக் காலியாகக் கிடந்த டி டிரைவைக் காட்டினார். கம்ப்யூட்டர் எழுந்துகொண்டது.

"வே, நீரு பெரிய ஆளுதான்" என்றார் அண்ணாச்சி.

அந்தப் பாராட்டு சுந்தர்சிங்கின் தலைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அதை நீக்க வழியில்லை.

அன்றிலிருந்து சி டிரைவில் எதையும் நிறுவக் கூடாது என்பது அலுவலகச் சட்டமானது. கம்ப்யூட்டர்கள் மூன்று முறை மாறின. கடைசியாக வந்ததில் சி டிரைவில் முக்கால்வாசி காலியாகக் கிடந்தது. சட்டம் மட்டும் மாறவில்லை. எதை நிறுவினாலும் கம்ப்யூட்டர் கேட்கும் அட்மின் பாஸ்வேர்டு அவரிடம் மட்டுமே இருந்தது. யாராவது பிரிண்டர் மாற்றினால்கூட அவர் வந்து, மற்றவர்களைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, அதை அடிப்பார்.

கொரோனாவுக்கு முந்தைய வருடம் டி டிரைவும் அவருக்குப் பாதுகாப்பாகப் படவில்லை. தனியாக ஒரு ஹார்டு டிஸ்க் வாங்கி, பில் மென்பொருளை அதில் நிறுவினார். காலையில் பையிலிருந்து எடுத்துச் செருகுவார். மாலையில் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோவார். அவர் வந்தால்தான் அலுவலகம் திறந்த மாதிரி. அதற்கு முன்னால் யாராவது பென் டிரைவைச் செருகியிருந்தால் கம்ப்யூட்டரில் 'இ டிரைவ்' என்று இருந்த டிஸ்க்கின் பெயர் 'எஃப்' ஆகிவிடும், பழைய இடத்தையே தேடும் மென்பொருள் திறக்காது. அப்போது அவர் முகத்தில் ஒரு தேஜஸ் வரும். திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு அரைமணி நேரம் வைத்தியம் பார்ப்பார். தானே உண்டாக்கிய நோய்க்குத் தானே டாக்டர். அண்ணாச்சி அவருக்கு டீ சொல்லுவார்.

போன வருடம் பெனிஷா வேலைக்குச் சேர்ந்தாள். பி.காம் முடித்தவள், அதிகம் பேசமாட்டாள். இரண்டாம் நாளே கேட்டாள்: "சார், சி-யில அம்புட்டு இடம் கெடக்கே. இத ஏன் தெனமும் தூக்கிட்டு அலையுதீக?"

"ஏம்மா, நீ தொட்டில்ல கெடக்கும்போதே நான் பிரவுஸ் அமுக்குனவன். சும்மா இரி."

அவளும் சும்மா இருந்தாள்.

ஆவணி மாதம் நாசரேத்தில் சுந்தர்சிங்கின் மச்சினி மகளுக்குக் கல்யாணம். வழக்கம்போல டிஸ்க்கும் பையோடு போனது. அன்றைக்குப் பார்த்து உலர்மலர் கன்டெய்னர் ஒன்றுக்கு அவசரம். சாயந்தரம் நாலு மணி கெடு. காலை பதினோரு மணிக்கு அண்ணாச்சி போன் செய்தார்.

சுந்தர்சிங் மண்டபத்தின் நடுவில் நின்று, நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி பேசினார். "நான் இல்லாம அங்கன ஒண்ணும் ஓடாதுன்னு தெரியும் அண்ணாச்சி. என்ன செய்ய, பந்தி முடிஞ்சதும் வாரேன். அதுவரைக்கும் ஒருத்தரும் கை வைக்கக் கூடாது." போனை வைத்துவிட்டு மாப்பிள்ளை வீட்டாரிடம் சொன்னார்: "ஹார்பரே நிக்குது."

மனைவி ஜீவமணி மட்டும், "நின்னா நிக்கட்டும், சாப்பிட்டுட்டுப் போங்க" என்றாள். சாப்பிட்டார். இரண்டு முறை பிரியாணி வாங்கினார்.

இங்கே அண்ணாச்சி அறைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தார். பெனிஷா மெதுவாகச் சொன்னாள்: "அண்ணாச்சி, பில்லு விவரமெல்லாம் உங்க ரூம் கம்ப்யூட்டர்லதான் இருக்கு. சார் கொண்டு போனது வெறும் புரோகிராம். கம்பெனிக்காரன் அனுப்புன இன்ஸ்டாலரும் லைசென்ஸ் நம்பரும் உங்க மெயில்ல கெடக்கும்."

"பாஸ்வேர்டு அவர்ட்டல்லா இருக்கு?"

"பாப்போம்."

இன்ஸ்டாலரைத் திறந்தாள். 'எல்லோருக்குமா, எனக்கு மட்டுமா?' என்று அது கேட்டது. 'எனக்கு மட்டும்' என்பதை அழுத்தினாள். பாஸ்வேர்டு கேட்கவில்லை. சி டிரைவில் அவளுடைய சொந்த ஃபோல்டருக்குள், ஒரு மூலையில், ஏழு நிமிடத்தில் மென்பொருள் போய் உட்கார்ந்தது. ஒன்றரை மணிக்கு பில் கஸ்டம்ஸுக்குப் போய்விட்டது.

சொல்லிவிடலாம் என்று அவள் சுந்தர்சிங்குக்கு இரண்டு தடவை போன் செய்தாள். தவிக்கட்டும், அப்போதுதான் அருமை தெரியும் என்று அவர் எடுக்கவில்லை.

மூன்று மணிக்குக் கார் வந்து நின்றது. பட்டு வேட்டியும் கையில் டிஸ்க்குமாகச் சுந்தர்சிங் படியேறினார். உள்ளே எல்லோரும் அண்ணாச்சி வாங்கிக் கொடுத்த முந்திரி மக்ரூன் தின்றுகொண்டிருந்தார்கள்.

"தள்ளுங்க, தள்ளுங்க" என்று கம்ப்யூட்டரை நோக்கிப் போனார்.

"உக்காரும் வே. பில்லு போயி ஒன்றர மணி நேரமாச்சி" என்றார் அண்ணாச்சி.

சுந்தர்சிங் திரையைப் பார்த்தார். மென்பொருள் இருக்கும் இடத்தின் பாதையைப் படித்தார். சி என்று தொடங்கியது. "சி-யிலயா போட்டிருக்கு? சி-யிலயா?" என்று கேட்டார். யாரோ சர்ச்சுக்குள் செருப்போடு நுழைந்துவிட்ட மாதிரி இருந்தது அவர் முகம். "விண்டோஸ் படுத்துரும் அண்ணாச்சி, நான் இப்பமே சொல்லுதேன்."

"இருவது வருசமா இதத்தான் சொல்லுதீரு. சரி, அத ஏன் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போறீரு?"

"செக்யூரிட்டி."

"ராத்திரி இந்த ஆபீஸ்ல யாருவே வந்து ஷிப்பிங் பில்லு போடப்போறான்?"

ஒருவர் சிரித்தார். பிறகு எல்லோருமே சிரித்தார்கள். பெனிஷா மட்டும் மக்ரூன் தட்டை அவர் பக்கம் நீட்டினாள். அதுதான் அவருக்கு ரொம்ப வலித்தது.

மறுநாள் அட்மின் பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி ஒப்படைக்கச் சொன்னார்கள். அது அவர் பெயரும் 123-உம்தான். கூடவே ராஜினாமாக் கடிதத்தையும் கொடுத்துவிட்டு, யாராவது சமாதானம் சொல்ல வருவார்கள் என்று வீட்டில் வெள்ளைச் சட்டை போட்டுக் காத்திருந்தார். மூன்று நாள். ஒருவரும் வரவில்லை. நாலாம் நாள் ஜீவமணியே சாப்பாட்டைக் கட்டிக் கையில் கொடுத்து, "போயிட்டு வாங்க" என்றாள். போனார். அண்ணாச்சி ராஜினாமாக் கடிதத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, துறைமுக வாசலில் காட்டுகிற கேட் பாஸ்களை ஒரு கட்டாக அவரிடம் நீட்டினார்.

இப்போது சுந்தர்சிங் வெயிலில் நின்று கன்டெய்னர் சீல் நம்பர் சரிபார்க்கிறார். முகம் கறுத்துவிட்டது. தொப்பை குறைந்துவிட்டது. லாரி டிரைவர்கள் அவரை 'அண்ணாச்சி' என்கிறார்கள். ஒரு நம்பர்கூடத் தப்புவதில்லை. இந்த வேலைக்குத்தான் அவர் பிறந்தார் போலிருக்கிறது. ஆனால், அவரிடம் அதைச் சொல்லிவிடாதீர்கள். இதற்கும் ஒரு சட்டம் போட்டுவிடுவார்.