வாய்க்கால் கரையில் வியன்னா

வியன்னா மாநகருக்கு நான் இன்றுவரை சென்றதில்லை. ஆயினும் அந்நகரின் வட்டச் சாலை எங்கே தொடங்கி எங்கே வளைகின்றது என்பதை உறக்கத்திலும் என்னால் சொல்ல இயலும். அது எங்கள் கிணற்று மேட்டுக்கு மேற்கே தொடங்கும். பருத்திக்காட்டு வரப்பைப் பற்றிக்கொண்டு தெற்கே சென்று, மாட்டுக் கொட்டிலின் பின்புறம் திரும்பி, புளியமரத்து நிழலில் சற்றே தயங்கி, வாய்க்காலைக் கடந்து, மீண்டும் கிணற்றுக்கே வந்து சேரும். அச்சாலையில் மின்சார வண்டிகள் மணியடித்தவாறு ஓடும். ஒன்பது வயதில் நான் அவற்றுக்கு வழிவிட்டு வரப்பின் ஓரம் ஒதுங்கி நின்றிருக்கிறேன். ஒருமுறை ஒதுங்கத் தவறியமைக்காகப் பெரியப்பாவிடம் வசையும் பெற்றிருக்கிறேன்.

எங்கள் தோட்டம் அன்னூருக்கு வடக்கே இருந்தது. கோயம்புத்தூருக்கு மின்விளக்கு வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. என் தந்தையும் அவருடைய தமையனாரும் ஒரே அடுப்பில் உலை வைத்து வாழ்ந்துவந்தனர். தமையனாராகிய பெரியப்பாவே குடும்பத் தலைவர். அவருக்கும் பெரியம்மாவுக்கும் பிள்ளைப்பேறு இல்லை. ஆதலின் அவ்விருவரின் அன்பு முழுவதையும் போட்டியின்றி நுகரும் பேறு எனக்கு வாய்த்திருந்தது.

பெரியப்பாவின் கண்ணொளி சிறுகச் சிறுக மங்கிவந்தது. முதலில் எழுத்துகள் மறைந்தன; பிறகு பருத்திக் காய்கள்; பிறகு முகங்கள். கோயம்புத்தூர் மருத்துவர் ஒருவர், இதற்கு உரிய அறுவை மருத்துவம் வியன்னாவில்தான் உண்டு என்று கூறினார். அப்பா அதனை மறுக்கவில்லை. ஆனால் நிலத்துப் பாடெல்லாம் இரண்டாண்டுகளாகத் தம் தலைமேலேயே விழுந்தமையால் அவர் சலித்திருந்தார்; நகரத்தில் பருத்தி வணிகம் தொடங்கும் விருப்பமும் அவர் உள்ளத்தில் முளைவிட்டிருந்தது. ஆகவே உறவினர் முன்னிலையில் ஓர் உடன்பாடு செய்துகொண்டனர். கண் திரும்பினால் எல்லாம் முன்போலவே நடக்கும். திரும்பாவிட்டால், தை பிறந்ததும் நிலத்தைப் பாகம் பிரித்துக்கொள்வது. பெரியப்பாவும் பெரியம்மாவும் தாராபுரத்தில் பெரியம்மாவின் தமையனார் வீட்டோடு சென்று தங்குவது. பெரியப்பா தலையசைத்தார். தூணைக் கட்டிக்கொண்டு நின்ற நான், வியன்னாவைக் காட்டிலும் தாராபுரம் மிகத் தொலைவில் உள்ளது போலும் என்று எண்ணிக்கொண்டேன். வியன்னாவுக்குப் போகிறவர்கள் திரும்பி வருவதாகச் சொன்னார்கள். தாராபுரத்தைப் பற்றி எவரும் அவ்வாறு சொல்லவில்லை.

ஆனியில் வியன்னா சென்ற பெரியப்பாவும் பெரியம்மாவும் கார்த்திகையில் திரும்பினர். போத்தனூர்ச் சந்திப்புவரை சென்று அழைத்துவந்தவர் அப்பா. போத்தனூரே அவர் கண்ட உலகத்தின் விளிம்பு. அதற்கு அப்பால் அவர் தம் வாழ்நாளில் சென்றதில்லை. பெரியப்பா கறுப்புக் கண்ணாடி அணிந்து வந்தார். ஒளி கூசும் என்றும், ஓராண்டு அதனைக் கழற்றலாகாது என்றும் மருத்துவர் கட்டளையாம். கண் எப்படி என்று அனைவரும் ஒருமித்துக் கேட்டபோது, "நல்லாயிருச்சுங்க" என்று விடை சொன்னவர் பெரியம்மா. பெரியப்பா புன்னகை மட்டும் செய்தார்.

அன்று முதல் பொழுது சாயும் வேளைகளில் எங்கள் முற்றத்தில் வியன்னா இறங்கிவந்தது. சுற்றுவட்டத்து ஆடவர்கள் வந்து அமர்வார்கள். பெரியப்பா மெல்லிய குரலில் தொடங்குவார். நகரைச் சுற்றி வளைந்தோடும் சாலை. அதன் இருமருங்கும் மஞ்சள் அரைத்துப் பூசியது போன்று இலை பழுத்து நிற்கும் மரங்கள். வண்ண ஓடுகளால் பாய் முடைந்தது போன்ற கூரையுடைய பெரிய தேவாலயம். வீடுகளுக்கு மேலே எழுந்து, மனிதர் நிறைந்த அறைகளைச் சுமந்து மெல்லச் சுழலும் இராட்டினம். தெருமுனையில் கணப்புச் சட்டியில் ஏதோ ஒரு கொட்டையைச் சுட்டுத் தாளில் மடித்துத் தருவார்களாம். கையைக் காய்ச்சிக்கொள்ள ஒன்று, வாயில் போட ஒன்று என வாங்குவார்களாம். இவற்றைக் கேட்கக் கேட்க, எதிரிலிருந்த வைக்கோற்போர் கரைந்து அவ்விடத்தில் சாளரங்கள் ஒவ்வொன்றாய் ஒளிரத் தொடங்கும்.

ஆனால் அவருடைய வியன்னாவில் ஒரு புதுமை இருந்தது. அதில் அரண்மனைகள் அரிதாகவும் காய்கறிகள் மிகுதியாகவும் இருந்தன. அத்தையின் கணவராகிய மாமா, எவரையும் விட்டுவைக்காத வாயினர், ஒருநாள் பொறுமையிழந்தார்.

"ஏனுங்க மச்சான், ராசா ஊடு, கோட்டை, பீரங்கி ஒண்ணும் கண்ணுல படலீங்களா? முட்டக்கோசு இத்தாப் பெருசு, பொம்பளைங்க பாவாடை இத்தனை மடிப்புங்கறீங்க. ஊரு பார்க்கப் போனீங்களா, சந்தைக்குப் போனீங்களா?"

கூட்டம் சிரித்தது. பெரியப்பாவும் சிரித்தார். "அரமனையில என்ன மாப்ள இருக்குது? அடுப்பு எரியற எடத்தப் பார்த்தாத்தான் ஊரு தெரியும்."

சமையற்கட்டின் கதவுக்குப் பின்னே வளையல்கள் ஒருமுறை ஒலித்து அடங்கின.

அந்த நகரைக் கண்டவர் யார் என்பதைப் பெரியம்மாவே என்னிடம் சொன்னார், மறுநாள் என் தலைக்கு எண்ணெய் தேய்க்கும்போது. அறுவைக்குப் பின் பெரியப்பாவின் இரு கண்களையும் நாற்பது நாட்கள் கட்டி வைத்திருந்தனர். கட்டிலில் அசையாமல் கிடந்தவர், ஊரைப் பார்த்து வந்து எனக்குச் சொல் என்று பெரியம்மாவை நாள்தோறும் வெளியே அனுப்பினாராம். அன்னூர்ச் சந்தைக்குக்கூடத் தனியே சென்றறியாதவர் பெரியம்மா. வழி தவறாதிருக்க அவர் கைக்கொண்ட உபாயம் குங்குமம். திரும்பும் இடந்தோறும் விளக்குக் கம்பத்தில் ஒரு பொட்டு வைத்துக்கொண்டே சென்று, அப்பொட்டுகளைப் பார்த்துக்கொண்டே திரும்பி வருவார். மூன்றாம் நாள் மழை பெய்து பொட்டுகளையெல்லாம் கழுவிவிட்டது. குளிரில் நடுங்கியவர், காப்பி மணம் வந்த ஒரு கடைக்குள் புகுந்து அமர்ந்துவிட்டார். கறுப்பு அங்கி அணிந்த ஒருவர் வெள்ளித் தட்டில் காப்பியையும், அதனருகே ஒரு குவளைத் தண்ணீரையும் கொண்டுவந்து வைத்தார்.

"கேக்காமயே தண்ணி குடுத்தாங்க அம்மணி! நம்மூட்டுக்கு ஒரு ஒரம்பரை வந்தா மொதல்ல தண்ணி குடுப்பமில்ல, அதே மாதிரி. எனக்கு அழுகையே வந்துருச்சு. அதுக்கப்பறம் அந்த ஊரு எனக்குப் பயமே இல்ல."

மருத்துவமனையின் பெயரெழுதிய தாளைக் காட்டியதும் அந்தக் கறுப்பு அங்கிக்காரரே குடைபிடித்துக் கொண்டுவந்து விட்டாராம். இதனை வெளியே சொல்லலாகாது என்று என் தலையில் கை வைத்து ஆணை பெற்றுக்கொண்டார் பெரியம்மா. தனியாகத் திரிந்தாள் என்று நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்களாம்.

அதன்பின் சில நாட்களில் பெரியப்பா, தோட்டத்தையே வியன்னாவாக்கி எனக்குச் சுற்றிக் காட்டத் தொடங்கினார். மாட்டுக் கொட்டில் சந்தை, புளியமரம் இராட்டினம், வாய்க்காலோ நகரின் நடுவே ஓடும் ஆற்றுக் கால்வாய். மாடு பூட்டி நீரிறைக்கும் கவலையின் உருளை முனகும் கிணற்று மேடு, ஆயிரம் பேர் அமர்ந்து பாட்டுக் கேட்கும் இசைமண்டபம். நாள்தோறும் காலையில் என் கையைப் பிடித்துக்கொள்வார்.

"தெரியாத ஊருல கைய உடக்கூடாது அம்மணி. எதுத்தாப்பல என்ன வருதுன்னு சத்தமாச் சொல்லிக்கிட்டே வா. வண்டி வந்தாச் சொல்லு, பள்ளம் வந்தாச் சொல்லு, பாலம் வந்தாச் சொல்லு."

நான் சொல்லிக்கொண்டே நடப்பேன். புதிதாக வெட்டிய மடையைச் சொன்னேன். வழியில் படுத்திருந்த எருமையைச் சொன்னேன். நுகத்தடி குறுக்கே கிடந்ததைச் சொன்னேன். அவற்றையெல்லாம் அவர் வியன்னாவின் மொழியில் பெயர்த்துக்கொள்வார். எருமையைக் கண்ட இடத்தில், போக்குவரத்தைக் கவனிக்கும் காவலர் நிற்பதாகக் கூறி, வணக்கம் சொல்லி விலகிச் சென்றோம். அயலூரில் நான் தொலைந்துபோகாதிருக்கும்பொருட்டு அவர் என் கையை எத்துணை அழுத்தமாகப் பற்றியிருக்கிறார் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

எனினும் அவர் காட்டிய நகரில் ஒரு பிழை இருந்தது. பூக்காரிகள் குந்தியிருக்கும் பாலம் இராட்டினத்துக்கு நேரெதிரே இல்லை, சந்தையை ஒட்டி இருந்தது என்று பெரியம்மா சொல்லியிருந்தார். எங்கள் பாலமோ புளியமரத்துக்கு நேரெதிரே கிடந்தது. அது ஒரு பழைய வண்டிப் பலகைதான். மார்கழி மாதத்து ஒரு காலைப்பொழுதில், இன்னும் நீர் விடாத வாய்க்காலில் இறங்கி, அப்பலகையை இழுத்து இழுத்துக் கொட்டிலின் பக்கமாகப் பதினைந்தடி நகர்த்தினேன். பெரியப்பா தொலைவிலிருந்தே கண்டு மகிழ வேண்டும் என்பதற்காக, அதன் நான்கு மூலைகளிலும் உள்ளங்கையகலத்துக்குக் குங்குமப் பொட்டு வைத்தேன்.

அன்று நண்பகலில்தான் அப்பா மாமாவையும் உறவினர் இருவரையும் அழைத்து வந்திருந்தார். தை பிறக்கப்போகிறது, தமையனாரின் கண்ணை நேரில் கண்டு தெளிய வேண்டும் என்பது அவர் எண்ணம். வெளிப்படையாகக் கேட்க நா எழவில்லை. பெரியப்பாவே எழுந்தார்.

"வாங்க, தோட்டத்தச் சுத்தி வரலாம். வியன்னாவையே காட்டிப்போடறேன்."

நான் ஓடிச்சென்று கை நீட்டினேன். அவர் பற்றவில்லை. "இன்னைக்கு நீ பின்னால வா அம்மணி" என்று கூறி, கைகளைப் பின்னே கட்டிக்கொண்டு, நிமிர்ந்து நடந்தார். என்ன நடை அது! வரப்பு பிசகவில்லை, கொட்டிலருகே தலை தாழ்த்த வேண்டிய இடத்தில் தாழ்த்தினார், சந்தை இது என்றார். புளியஞ்சருகு காலடியில் நொறுங்கியதும் நின்று, இராட்டினம் இது என்று அண்ணாந்து காட்டினார். உறவினர்கள் ஒருவரையொருவர் நோக்கித் தலையசைத்துக்கொண்டனர். எல்லோருக்கும் மோர் கொண்டுவந்த பெரியம்மா சற்றுத் தொலைவில் செம்புடன் நின்றிருந்தார்.

நான் என் குங்குமப் பொட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதோ, அடுத்த கணத்தில் அவர் இடப்புறம் நோக்குவார், பாலம் அதற்குரிய இடத்தில் இருப்பதைக் காண்பார், "யாரு வேல இது?" என்பார்.

அவர் இடப்புறம் நோக்கவில்லை. பலகை கிடந்த பழைய இடத்தில், பலகை இருப்பதாகவே காலெடுத்து வைத்தார். கவலை இறைத்து விட்ட நீர் முழங்காலளவு ஓடிக்கொண்டிருந்த வாய்க்காலில் முகங்குப்புற விழுந்தார்.

ஒருவரும் அசையவில்லை. இசைமண்டபத்து உருளை மட்டும், அவையில் நிகழ்ந்ததை அறியாத பாடகரைப்போல, தன் பாட்டைத் தொடர்ந்துகொண்டிருந்தது.

அந்த அமைதியில் பெரியம்மா உரக்கச் சிரித்தார். ஆடவர் கூட்டத்தின் முன்னிலையில் அவர் சிரித்ததை நான் கேட்டது அதுவே முதன்முறை.

"அட, அங்கயும் இப்படித்தானுங்க உழுந்தாங்க! ரெண்டு போலீசுக்காரங்க வந்து தூக்கி உட்டாங்கல்ல, அதையும் காட்டோணும்னு உழுந்துட்டாங்க!"

செம்பைத் தரையில் வைத்துவிட்டு, புடவையோடு நீரில் இறங்கி, கை நீட்டினார். "எந்திரிங்க, போலீசு வந்துருச்சு." மாமா வெடித்துச் சிரித்தார். உறவினர்களும் சிரித்தனர். பெரியம்மாவின் கன்னங்களில் நீர் வழிந்தது. வாய்க்கால் நீர் தெறித்ததாக எண்ணிக்கொண்டேன்.

சிரிக்காதவர் அப்பா ஒருவரே. நீரில் மிதந்து சென்ற கறுப்புக் கண்ணாடியை எட்டி எடுத்து, துண்டால் துடைத்தார். நீட்டிய கையிலிருந்து பெரியப்பா அதனை வாங்கவில்லை. கை அங்கிருப்பது அவருக்குத் தெரியவில்லை. உச்சி வெயிலில் இமைகொட்டாது திறந்திருந்த அவ்விழிகளை அப்பா நெடுநேரம் பார்த்தார். பிறகு தாமே கண்ணாடியைத் தமையனாரின் முகத்தில் மெல்லப் பொருத்திவிட்டு, உறவினர்களுக்குக் கேட்கும்படி சொன்னார்:

"மிச்ச ஊரையும் காட்டுங்கண்ணா. எனக்குத் தெரியாத ஊரு. உங்க கையப் புடிச்சுக்கறேன்."

இருவரும் கைகோத்து நடந்தனர். நான் நகர்த்திய பலகையின்மேல் அவரைக் கடத்திக் கொண்டுபோனவர் அப்பாதான். அன்று வியன்னாவின் எஞ்சிய பகுதியை உறவினர்கள் முழுமையாகக் கண்டு, மோர் குடித்து, பெரியப்பாவின் கண்பார்வையைப் புகழ்ந்துவிட்டுச் சென்றனர். பாலத்தை இடம் மாற்றி நகரைக் கெடுத்துவிட்டேனே என்று நான் கொட்டிலில் ஒளிந்து அழுதேன். வேறெதனை வெளிப்படுத்திவிட்டேன் என்பது எனக்கு அன்று விளங்கவில்லை. கட்டு அவிழ்த்த நாளில் பெரியப்பா கண்டது சாளரத்தின் வெண்மையை மட்டுமே என்று பெரியம்மா சொல்லி நான் அறிந்துகொண்டபோது எனக்குத் திருமணமாகியிருந்தது.

தை பிறந்தது. நிலம் அளக்க எவரும் வரவில்லை. பருத்தி வணிகத்தைப் பற்றி அப்பா அதன்பின் வாய் திறந்ததில்லை. பொங்கலுக்கு முந்திய நாள், அவர் தாமே இரண்டு பனந்துண்டங்களைப் பிளந்து, வாய்க்காலின் குறுக்கே பழைய இடத்திலேயே அசையாதபடி பதித்தார். இருபுறமும் முளையடித்து, இடுப்புயரத்தில் கவலைக் கயிறொன்றை இழுத்துக் கட்டினார். அருகிலிருந்து நோக்கிய எனக்கு ஐயம் எழுந்தது.

"ஏனுங்கப்பா, வியன்னாவுல பாலத்துக்குக் கயிறு கட்டியிருக்குதுங்களா?"

முடிச்சை இறுக்கியவாறே, என்னை நிமிர்ந்து பாராமல், அப்பா சொன்னார்: "கட்டியிருக்குது கண்ணு. நான் பார்த்திருக்கறேன்."

போத்தனூரைத் தாண்டாத மனிதர் இவ்வாறு கூசாமல் பொய் சொல்கிறாரே என்று எனக்குச் சினம் மூண்டது. பெரியப்பாவிடம் ஓடிச்சென்று முறையிட்டேன். அவர் என் கையைப் பற்றிக்கொண்டு வந்து, புதிய பாலத்தில் ஏறி, கயிற்றை ஒருமுறை முனைமுதல் முனைவரை தடவிப் பார்த்தார்.

"உங்கப்பன் சொல்றது நெசந்தான் அம்மணி" என்றார். "இதேதான் அந்தப் பாலம்."

இருவரும் கூடிக்கொண்டு என்னை ஏய்க்கிறார்கள் என்று முடிவு செய்து, அன்று பொழுது சாயும்வரை அவர்களோடு நான் பேசவில்லை.