இரண்டு அளவு பெரிய வளையல்

சிங்கவரம் ரங்கநாதரை நம்பிப் படியேறும் அன்பர்கள் எல்லோருக்கும், செஞ்சிக் கடைத்தெரு வளையல் கடை ஏழுமலையின் வணக்கம். இரண்டு வருடம் இந்தக் கைகளைக் கூப்பக்கூட வெட்கப்பட்டவன் நான். இப்போது கூப்பித்தான் எழுத உட்கார்ந்தேன். கூப்பிக்கொண்டே எழுத முடியாது என்பது பிறகுதான் தெரிந்தது. என் புத்தி அவ்வளவுதான்.

என் தொழிலை முதலில் சொல்லிவிடுகிறேன். கண்ணாடி வளையல் விற்பவனுக்குச் சரக்கு வளையல் அல்ல, கை. வாங்க வரும் பெண்ணின் கையைப் பிடித்து, கட்டை விரலை உள்ளே மடக்கி, அதன் அடிமேட்டை மெல்ல அமுக்கி, வலிக்காமல் ஏற்ற வேண்டும். இறுக்கமாக ஏறும் வளையல்தான் மணிக்கட்டில் நிற்கும். நானே போட்டுக்கொள்கிறேன் என்று பெரிய அளவாக வாங்கிப் போகிறவர்கள், துணி துவைக்கும்போது அதைத் தொட்டியில் தேடுவார்கள். முப்பது வருடத்தில் எத்தனை ஆயிரம் கைகளைப் பிடித்திருப்பேன்! ஒரு கையைப் பார்த்தாலே அளவு சொல்லிவிடுவேன். முகம் மறந்து போகும், மணிக்கட்டு மறக்காது.

அப்படிப்பட்ட கையில்தான் சோரியாசிஸ் வந்தது, தோல் செதில் செதிலாக உதிரும் நோய். முதலில் முழங்கை, பிறகு தலை, பிறகு முதுகு. சட்டைக்குள் இருந்தவரை நக்கலடித்தே சமாளித்தேன். பக்கத்துப் பாத்திரக்கடை முனிரத்தினம், “இன்னா ஏழுமல, தோள் மேல பனி கொட்டிருக்குது?” என்பார். “ஊட்டிக்குப் போக முடியலண்ணே, அதான் ஊட்டிய இங்க வரவச்சிட்டேன்” என்பேன். இருவரும் சிரிப்போம். உள்ளங்கைக்கு வந்த பிறகு சிரிப்பு நின்றது. தோல் தடித்து, வெடித்து, பாளம் பாளமாக உரிந்தது. கடையில் வளையல் அடுக்குவது சிவப்பு வெல்வெட் துணி மேல். வளையலோடு என் தோலும் வெள்ளை வெள்ளையாகக் கிடந்தது.

பல வருடமாக என்னிடம் வாங்கும் ஓர் அம்மா, ஒருநாள் வழக்கம்போல் கையை நீட்டினார். என் கையைப் பார்த்தார். “இருங்க, போன் வருது” என்று சொல்லி இறங்கிப் போனார். போன் அடிக்கவே இல்லை. அடிக்காத அந்தப் போனை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

டாக்டர்கள் மாட்டும் ரப்பர் கையுறையை மாட்டிப் பார்த்தேன். “இன்னாயா, பிரசவம் பாக்கப் போறியா?” என்று ஒரு பாட்டி கேட்டாள். கழற்றிவிட்டேன். ‘இது ஒட்டாத நோய்’ என்று பலகை எழுதி மாட்டலாமா என்றும் யோசித்தேன். அதுவரை நோய் இருப்பதே தெரியாதவர்களுக்கும் தெரிந்துவிடும் என்று அதையும் விட்டேன். கடைசியில் யார் வந்தாலும் ஓர் அளவு, இரண்டு அளவு பெரிதாக எடுத்துக் காகிதத்தில் சுற்றிக் கொடுக்க ஆரம்பித்தேன். “நீங்களே போட்டுக்குங்கம்மா, ஈசியா ஏறும்.” அந்த வளையல்களில் எத்தனை கழன்று விழுந்தனவோ, அது என் பாவக் கணக்கு.

வைத்தியத்துக்குக் குறைச்சலில்லை. களிம்பு, மாத்திரை, ஒளி சிகிச்சை எல்லாம் பார்த்தாயிற்று. வருகிறவர் போகிறவர் எல்லாம் ஆளுக்கொரு மருந்து சொன்னார்கள். கழுதைப்பால் தடவச் சொன்னார் ஒருவர். “கழுதைக்கு நான் எங்க போறது?” என்று முனிரத்தினத்திடம் புலம்பினேன். “கடையில இவ்ளோ பெரிய கண்ணாடி வச்சினு இப்படிக் கேக்கறியே” என்றார்.

வீட்டுக்கும் போகாமல் ஆனேன். படுக்கையெல்லாம் உதிருகிறதே என்று, கடை மாடியில் சரக்கு அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே பாயை விரித்துக்கொண்டேன். என் மனைவி வசந்தா சோறு கொண்டுவந்து கொடுத்துவிட்டு நிற்பாள்.

“ஒட்டாதுன்னு டாக்டரம்மா எத்தினி வாட்டி சொன்னாங்க? ஊட்டுக்கு வாயேன்.”

“ஒட்டாதுதான். கொட்டுதே.”

“கொட்டுனா பெருக்கறேன். நான் இன்னா உன்ன மாரி கல்லாவுலயா குந்தினு இருக்கேன்?”

நான் ஏதாவது சொல்லி அவளைச் சிரிக்கவைத்து அனுப்பிவிடுவேன். சிரித்துக்கொண்டே போகிறவள் திரும்பிப் பார்க்க மாட்டாள் அல்லவா? அதற்காகத்தான். மாடி ஜன்னலைத் திறந்தால் எதிரே ராஜகிரிக் கோட்டை மலை. அடுக்கடுக்காக வெடித்து உரிந்த பாறைகள். எனக்கும் அந்த மலைக்கும் ஒரே தோல். ஆனால் அதைப் பார்க்க வெளியூரிலிருந்தெல்லாம் வருகிறார்கள். என்னைப் பார்க்க யாரும் வரவில்லை.

போன வருடம் சித்திரையில், திருவண்ணாமலையில் வாழ்க்கைப்பட்ட என் ஒரே மகள் கோமதி போன் செய்தாள். அவள் உண்டாகியிருந்தாள். “ஆவணில வளகாப்புன்றாங்க நைனா. மொத வளையல் நீதான் போடணும்.” ஆகட்டும் என்றேன். போனை வைத்துவிட்டு என் கைகளைப் பார்த்தேன். இத்தனை வருடத்தில் எத்தனையோ பேர் மகளுக்கு வளைகாப்பு வளையல் போட்டிருக்கிறேன். என் மகளுக்கு எப்படிப் போடுவேன்? சம்பந்தி வீட்டார் அத்தனை பேர் நடுவில் இந்தக் கையையா நீட்டுவேன்?

மறு சனிக்கிழமை காலையில் சிங்கவரம் போனேன். கூட்டம் குறைந்த பிறகு சன்னதியில் நின்றேன். பெருமாள் பாறைக்குள் நிம்மதியாகப் படுத்திருந்தார். எனக்குப் படுத்தால் அரிப்பு. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. வேண்டுதல் ஒன்றே ஒன்றுதான் வைத்தேன். “ரங்கநாதா, என் பொண்ணு கையில என் கையால வளையல் போடணும்.” அழுகை வந்துவிட்டது. பட்டர் தீர்த்தம் கொடுக்க வந்தார். உள்ளங்கையைக் குவிக்க வெட்கப்பட்டு வாயைத் திறந்துகொண்டு நின்றேன், காக்கைக் குஞ்சு மாதிரி. அவர் வாயிலேயே விட்டார்.

அதற்கடுத்த வாரம் புதுச்சேரியில் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். ‘பயாலஜிக்’ என்று ஒரு புதுவகை ஊசியைப் பற்றித் தோல் டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார். நான்தான் பயந்து தள்ளிப்போட்டிருந்தேன். போட்டவுடன் முடிந்துவிடுகிற காரியமும் இல்லை. உடம்பில் எங்காவது காசநோய் ஒளிந்திருக்கிறதா என்று எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்தார்கள். எல்லாம் சரியாக வந்த பிறகு, வைகாசியில் முதல் ஊசி. பேனா மாதிரி ஒரு சாதனம். வயிற்றில் வைத்து அழுத்தினால் ஒரு ‘டக்’ சத்தம், அவ்வளவுதான். முதலில் வாரம் ஒன்று, பிறகு மாதம் ஒன்று.

“ஆவணிக்குள்ள கை சரியாயிடுமா மேடம்?” என்று கேட்டேன்.

“உடம்புல சீக்கிரம் கேக்கலாம். உள்ளங்கை லேட்டாத்தான் கேக்கும். தேதி சொல்ல முடியாதுங்க. பொறுமையா இருக்கணும்.”

பொறுமை என்னிடம் ஸ்டாக் இல்லை. தினமும் காலையில், வாடிக்கையாளர்களுக்காக வைத்த கண்ணாடியில் முழங்கையைப் பார்ப்பேன். திரும்பி நின்று முதுகைப் பார்ப்பேன். ஒரு மனுஷன் தன் முதுகை எத்தனை முறைதான் பார்ப்பது? பார்த்துச் சொல்ல ஆள் இருந்தால் ஒரு நிமிஷ வேலை. ஆளை நான்தான் அனுப்பிவிட்டேனே.

ஆனி கடைசியில் முழங்கையில் செதில் உதிர்ந்து, கீழே இளஞ்சிவப்பாகத் தோல் தெரிந்தது. ஆடியில் தலை சுத்தமாயிற்று. முதுகு வழுவழுப்பாகிவிட்டது என்று, சோறு கொண்டுவந்த வசந்தா தானாகவே தடவிப் பார்த்துச் சொன்னாள். உள்ளங்கை மட்டும் அப்படியே இருந்தது. ஆடிப்பூரத்துக்கு ஊரே வளையல் வாங்கும் நாளில், நான் கல்லாவில் கையை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெருமாளிடம் சண்டைக்குப் போனேன் என்றே சொல்ல வேண்டும். “கையக் கேட்டா முதுகக் கொடுக்கறியே, முதுகாலயா வளையல் போடுவேன்?” என்று மனசுக்குள் கத்தினேன்.

ஆவணி வந்தது. வளைகாப்பு நாளும் வந்தது. நான் செய்த காரியத்தை இங்கே ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கோமதியின் அளவு ‘ரெண்டு நாலு’. குழந்தையிலிருந்து நான் போட்டு வளர்ந்த கை அது. ஆனால் ‘ரெண்டு நாலு’ அனுப்பினால் ஏற்றிவிடப் பழகிய கை வேண்டும், ஏன் அப்பா வரவில்லை என்ற கேள்வி வரும். அதனால் இரண்டு அளவு பெரிய ‘ரெண்டு எட்டு’ பச்சையும் சிவப்புமாக எடுத்து அடுக்கி, “மாசமா இருக்கறதுல கை வீங்கியிருக்கும், இதான் சரி” என்று வசந்தாவிடம் பொய் சொல்லிக் கொடுத்தனுப்பினேன். கடையில் ஆள் இல்லை, நான் வரவில்லை என்றேன். வசந்தா தட்டுகளை வேனில் ஏற்றிக்கொண்டு போனாள். அன்று காலை முழுக்க ஒரு ஆள்கூட கடைக்கு வரவில்லை. அப்படியொரு தனிமையை என் வாழ்நாளில் நான் அனுபவித்ததில்லை.

அங்கே நடந்ததைப் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். வேப்பங்காப்பு போட்டு, பெண்கள் ஆளாளுக்கு என் வளையலை மாட்டியிருக்கிறார்கள். சுலபமாக ஏறியிருக்கிறது. ஆரத்தித் தட்டுக்குக் கோமதி கையைத் தாழ்த்தியதும் ஐந்தாறு வளையல் சரசரவென்று வழிந்து தரையில் விழுந்து உடைந்திருக்கிறது. வளைகாப்பில் வளையல் உடைந்தால் சும்மா விடுவார்களா? யாரோ சகுனம் என்று ஆரம்பித்தார்கள். கோமதி மீதி வளையலைக் கழற்றித் தட்டில் வைத்துவிட்டுச் சொல்லியிருக்கிறாள்: “சகுனமும் இல்ல ஒண்ணும் இல்ல. எங்க நைனா அளவு தப்பற ஆளு கெடையாது. வேணும்னுதான் செஞ்சிருக்காரு. நான் போய்க் கேட்டுக்கறேன்.”

வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்கு அழைத்துவரும் வேன் வீட்டுக்குப் போகவில்லை. மதியம் மூன்று மணிக்குக் கடை வாசலில் நின்றது. பட்டுப் புடவையும் பூவுமாகக் கோமதி இறங்கி வந்து, ஸ்டூலில் மெதுவாக உட்கார்ந்தாள். கடைத்தெருவே பார்த்தது. முனிரத்தினம் குடத்தைத் துடைப்பதை நிறுத்திவிட்டார்.

“இன்னா நைனா, என் கை அளவு உனக்கு மறந்து போச்சா?”

“இல்லம்மா, ரெண்டு பேரும் சேந்து குண்டாயிருப்பீங்கன்னு...”

அவள் சிரிக்கவில்லை. என் நகைச்சுவைக்கு என் வீட்டில் சிரிக்காத முதல் ஆள் அவள்தான். இரண்டு கைகளையும் நீட்டினாள்.

“போடு.”

“கை நல்லா இல்லம்மா.”

“என் கை நல்லாத்தான் இருக்குது. போடு.”

“நான் என் கையச் சொன்னேன்.”

“உன் கையா? எத்தினி வருசமா பாக்கறேன், எனக்குத் தெரியாதா? பசிக்குது நைனா, சீக்கிரம் போடு. ஊட்டுக்குப் போலாம்.”

‘ரெண்டு நாலு’ பெட்டியை எடுத்தேன். அவள் கட்டை விரலை மடக்கினேன். உள்ளங்கை வெடிப்பு எரிந்தது. ஒரு வளையல் ஏறியது. இரண்டாவது ஏறியது. ஒவ்வொன்றும் இறுக்கமாக, சரியான இடத்தில். இரண்டு வருடத்தில் நான் பிடித்த முதல் கை என் மகளின் கை. எத்தனை போட்டேன் என்று தெரியவில்லை. முனிரத்தினம் சத்தமாகச் சொன்னார்: “யோவ், நிறுத்துயா! முழங்கைக்கு வந்துட்ட. அங்கயாவது தோல் தெரியட்டும்.” அப்போதுதான் கோமதி சிரித்தாள். நான் அழுதேன்.

அன்பர்களே, இதில் சாமி எங்கே என்று கேட்பீர்கள். என் வேண்டுதலை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். மகள் கையில் என் கையால் வளையல் போட வேண்டும் என்றுதான் கேட்டேன். தோல் சுத்தமாக வேண்டும் என்று கேட்கவே இல்லை. கேட்டதை அவர் ஆவணியிலேயே கொடுத்துவிட்டார். நான்தான் வேறு எதையோ எதிர்பார்த்துக்கொண்டு அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

அன்றே பாயைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். உள்ளங்கை அதற்குப் பிறகுதான் மெதுவாகக் கேட்டது. ஐப்பசியில் வெடிப்பு மூடியது. கார்த்திகையில் பேத்தி பிறந்தபோது, பயமில்லாமல் வாங்கிக்கொண்டேன். அந்தப் பிஞ்சுக் கைக்கு அளவே இல்லை, என் மோதிரம் போதும். நோய் அடியோடு போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஊசி மாதாமாதம் தொடர்கிறது, காதுக்குப் பின்னால் ஓரிரு இடம் எப்போதாவது எட்டிப் பார்க்கும். எல்லோருக்கும் ஒரே மாதிரி கேட்கும் என்று சொல்ல நான் டாக்டரும் இல்லை. சிங்கவரம் தாயாருக்கு ஒரு பெட்டி வளையல் சாத்தினேன். பட்டர் தீர்த்தம் கொடுத்தபோது கையை நீட்டி வாங்கினேன்.

உங்களில் யாராவது இப்போது நான் இருந்த நிலையில் இருந்தால், ஒன்று சொல்கிறேன். மருந்தைத் தள்ளிப்போடாதீர்கள், சாமியிடம் கேளுங்கள். ஆனால் இரண்டையும் தனியாளாகச் செய்யாதீர்கள். நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டால், சாமி அனுப்புகிற ஆள் எந்த வழியாக வருவார்?

போன மாதம் ஊசி போடப் போனபோது, ஆஸ்பத்திரி பெஞ்சில் முழுக்கைச் சட்டை போட்ட ஒருவர் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு இரண்டு பக்கமும் இடம் காலியாக இருந்தது. போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் சற்று நகர்ந்தார். நானும் நகர்ந்தேன். பெஞ்சு முடிந்துவிட்டது, அவருக்குப் போக இடமில்லை.

“முதல் ஊசியாங்க?” என்றேன்.

தலையாட்டினார். கையைக் கேட்டேன். மெல்ல வெளியே எடுத்துக் கொடுத்தார். அவர் பெயரைக் கூப்பிடும் வரை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.