நேசையனுக்குப் பக்கத்து இடம்

ஞாயிற்றுக்கிழமை காலை புதுக்கடைச் சந்தை வழியாகப் போகும் அந்தப் பழைய ஸ்கூட்டரைப் பார்த்தவர்களுக்கு நேசையனைத் தனியாக அறிமுகப்படுத்த வேண்டாம். முன்னால் சலவை வேட்டி சட்டையில் அவர். பின்னால் வெள்ளைச் சேலையில், காதிலும் கழுத்திலும் பேருக்குக்கூட நகை இல்லாமல் மனைவி செல்லபாய். ஒரே வண்டியில் போனாலும் இருவரும் போவது ஒரே ஆலயத்துக்கு அல்ல. சந்தை தாண்டித் தகரக் கூரை போட்ட பெந்தெகோஸ்தே சபை வாசலில் அவளை இறக்கிவிட்டு, வண்டியைத் திருப்பிக்கொண்டு அவர் தன் சி.எஸ்.ஐ. ஆலயத்துக்கு வருவார். முடிந்ததும் மறுபடி தகரக் கூரைக்கு எதிரே போய் நிற்பார். அங்கே ஆராதனை லேசில் முடியாது. கைதட்டும் பாட்டும் ஓயும்வரை மனிதர் வெயிலில் வியர்த்துக்கொண்டு நிற்பார்.

"கண்டக்டருக்கு ரிட்டயர்டு ஆன பொறவும் ஆள ஏத்தி எறக்குகதுதான் ஜோலி" என்று ஊரில் சிலருக்குச் சிரிப்பு. சிரித்துவிட்டுப் போகட்டும். அரசு பஸ்ஸில் காலமெல்லாம் பேச்சு வாங்கிய மனிதருக்கு இதெல்லாம் எந்த மூலைக்கு?

செல்லபாய் இப்படி வழி பிரிந்தது அவர்கள் மகள் நர்ஸ் வேலைக்குக் குவைத் போன பிறகு. வீடு வெறிச்சோடிக் கிடந்தது. பக்கத்து வீட்டு ஜெபக் கூட்டத்துக்குப் போகத் தொடங்கியவள், ஒருநாள் மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டே, "நான் முழுக்கு எடுக்கட்டா?" என்று கேட்டாள். ஆற்றில் முங்கி எடுக்கும் ஞானஸ்நானத்தைத்தான் கேட்கிறாள் என்று புரிந்ததும் நேசையனுக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"கொச்சுப் பிள்ளையில ஒனக்கு ஞானஸ்நானம் குடுத்தாச்சுல்லா? இனி எதுக்காக்கும் ரெண்டாமது?"

"அது எனக்க அப்பனும் அம்மையும் சொன்ன சம்மதம். நம்ம கல்யாணத்துக்குக்கூட சம்மதமான்னு எனக்ககிட்ட கேட்டாவ. ஆண்டவருக்கு நான் இன்னும் எனக்க வாயால சம்மதம் சொல்லல்ல."

"உனக்க ஆத்துமா, உனக்க இஷ்டம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார். கோபத்தில் சொன்னதுதான். அவள் அதை அனுமதியாக எடுத்துக்கொண்டாள். பிறகு யோசித்துப் பார்த்தபோது, தான் கோபத்தில் சொன்னது சரியான வார்த்தைதான் என்று அவருக்கே பட்டது. அவருடைய பாட்டனாருக்குப் பாட்டன் சொந்தபந்தம் அத்தனையும் எதிர்த்து நிற்கத்தான் வேதக்காரர் ஆனார், கிறிஸ்துவை ஏற்றார். ஆண்டுதோறும் சபை நாளில் அந்தக் கதையைப் பெருமையாகப் பேசிவிட்டு, வீட்டில் ஒருத்தியின் காலைக் கட்டிப்போடுவது என்ன நியாயம்? குழித்துறை ஆற்றில் அவள் முங்கி எழுந்தபோது துவாலையோடு கரையில் நின்றார். அந்தச் சபையில் நகை கூடாது என்பதால் தாலியையும் கழற்றி அவள் அவர் கையில் தந்தாள். அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை.

நியாயம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஏக்கம் நியாயம் பார்த்தா வரும்? அவருடைய ஆலயத்தில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம்தான். ஆனால் மாதத்தில் முதல் ஞாயிறு, அப்பமும் திராட்சரசமும் தரும் திருவிருந்துக்கு மட்டும் புருஷனும் மனைவியும் சேர்ந்து முன்னே போய், பீடத்தின் கம்பியருகே ஒன்றாக முழங்காலிடுவார்கள். கல்யாணமான நாளிலிருந்து செல்லபாயின் தோள் தன் தோளில் இடிக்க அப்பம் வாங்கிப் பழகியவர் அவர். இப்போது விதவைகளோடும் தாரமிழந்தவர்களோடும் கடைசி வரிசையில் போகிறார். பக்கத்தில் யாராவது முழங்காலிட்டால் அவரை அறியாமல் கொஞ்சம் விலகி, அவள் அளவுக்கு இடம் விடுவார். அந்த வெற்றிடத்தைப் பார்க்கப் பார்க்க நெஞ்சு பொறுக்காது.

இந்த வருடம் அந்த ஏக்கத்துக்கு மேல் இன்னொன்று வந்து விழுந்தது. கல்லறைத் தோட்டத்தில் இடம் குறைந்துகொண்டே வருகிறது என்று சபைக் கமிட்டி ஒரு தீர்மானம் போட்டது. வருடத்தில் ஒருமுறையாவது திருவிருந்து எடுத்தவர்களுக்குத்தான் இனி அங்கே இடம். செயலாளர் ஞானதாசன் நேசையனின் பள்ளிக்கூடத் தோழர். வீட்டுக்கே வந்து சொன்னார்.

"உமக்கு உம்ம அப்பாவுக்க பக்கத்துல எடம் உண்டு வேய். அவளுக்குத்தான் இல்ல. ஒரே ஒரு ஞாயிறு வந்து அப்பம் எடுத்துட்டுப் போவச் சொல்லும். அவ மனசுல என்ன இருக்குன்னு நாங்க ஆராயப் போறோமா?"

நேசையனுக்குத் தூக்கம் போயிற்று. செத்த பிறகு பக்கத்தில் யார் படுத்தால் என்ன, எல்லாரையும் ஆண்டவர் எழுப்பத்தான் போகிறார் என்று தனக்குத்தானே பிரசங்கம் செய்து பார்த்தார். எடுபடவில்லை. கடைசியில் ஒரு சாயங்காலம் அவளிடம் கேட்டுவிட்டார். கேட்கக் கூடாததைக் கேட்கிறோம் என்று தெரிந்துதான் கேட்டார். எங்கெங்கோ சுற்றி, "ஒரு நாளைக்கு மட்டும்" என்று முடித்தார்.

செல்லபாயின் சபையில் தெரிந்தால் பின்மாற்றக்காரி, விசுவாசத்தை விட்டவள் என்று பேசுவார்கள். அதைவிட, இவ்வளவு நாள் அவள் சொன்னதெல்லாம் பொய் என்று அவளே ஒப்புக்கொண்டது போலாகும்.

"உங்களுக்காக வாறேன்" என்றாள்.

அந்த முதல் ஞாயிறு நேசையனுக்குப் புதுமாப்பிள்ளைக் கோலம்தான். நீலச் சேலையில் அவள் பெண்கள் பக்கம் வந்து உட்கார்ந்ததும் ஆலயமே திரும்பிப் பார்த்தது. ஞானதாசன் அவரைப் பார்த்துத் தலையாட்டினார். பாட்டு எதுவும் அவர் காதில் விழவில்லை. அழைப்பு வந்ததும் எழுந்து போய் அவளோடு சேர்ந்து நடந்தார். கம்பியருகே முழங்காலிட்டார்கள். அவள் தோள் அவர் தோளில் இடித்தது. ஆண்டவரே, இது போதும் என்று நினைத்துக்கொண்டு மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தார்.

பஸ்ஸில் டிக்கெட் எடுக்காமல் உட்கார்ந்திருப்பவர்களின் முகம் அவருக்கு நன்றாகத் தெரியும். செல்லபாயின் முகம் அப்படி இருந்தது. தன் வாழ்நாளில் ஒரு பொய்கூடச் சொல்லிப் பழகாதவள், உதட்டைக் கடித்துக்கொண்டு, கையை நீட்டிக் காத்திருந்தாள்.

போதகர் அப்பத் தட்டோடு நெருங்கினார்.

"ஐயா, எனக்குத் தாருங்க. அவளுக்கு வேண்டாம்" என்றார் நேசையன்.

போதகர் திகைத்தார். வரிசை நின்றது. பின்னால் கசமுச என்று பேச்சு எழும்பியது. நேசையன் தன் அப்பத்தை வாங்கிக் கண்ணை மூடிப் புசித்தார், கிண்ணத்தில் குடித்தார், எழுந்து அவளையும் கைபிடித்து எழுப்பினார். கல்யாண நாளுக்குப் பிறகு ஊர் பார்க்க அவர் அவள் கையைப் பிடித்தது அதுவே முதல் தடவை.

வெளியே பலாமரத்தடியில் வந்ததும் அவளுக்கு அழுகை உடைந்தது. "எதுக்கு வேண்டாம்னு சொன்னிய? நான் வாங்கியிருப்பேன்."

"வாங்கியிருப்பன்னு தெரியும். அதான் சொன்னேன்."

"இனி எடம் கெடைக்காது."

"கெடைக்காது" என்றார். ஆசைப்பட்டது கைக்குள் வந்துவிட்டு நழுவியது, அதுவும் அவரே விட்டு நழுவியது. அந்த வலி லேசானதல்ல. ஆனாலும் அவள் மூச்சு இப்போதுதான் ஒழுங்காக வருவதைப் பார்த்தார்.

ஸ்கூட்டரில் ஏறிச் சந்தை வரை வந்தார்கள். பிறகு அவர்தான் கேட்டார். "உங்க சபைக்காரங்கள எங்கயாக்கும் அடக்குகது?"

"பூதப்பாண்டி பக்கம் சபைக்கு ஒரு தோட்டம் உண்டு."

"அவ்வளவு தூரமா!" கொஞ்ச தூரம் போனபின் குரல் தணிந்து, "எனக்கு அங்க எடம் தருவாவளா?" என்றார்.

பதில் இருவருக்கும் தெரியும். அதற்கு அவரும் முழுக்கு எடுக்க வேண்டும்.

"நீ என்ன கூப்பிடல்லியே?" என்றார்.

"கூப்பிட மாட்டேன். இன்னைக்கு நான் முட்டுல நின்னது போல நீங்க அங்க வந்து நிக்கப்பிடாது."

நேசையன் கண்ணைத் துடைத்துக்கொள்ள ஒரு கையை எடுத்தார். வண்டி ஆடியது. செல்லபாய் பட்டென்று அவர் தோளைப் பிடித்தாள். நேரானபிறகும் எடுக்கவில்லை.

"அப்போ பக்கத்துல இருக்கது இப்பம் மட்டும்தான் ஏட்டி" என்றார்.

வீட்டுக்குத் திரும்பும் முக்கு வந்தது. அவர் திரும்பாமல் வேகத்தைக் குறைத்து, தேங்காய்ப்பட்டணம் கடற்கரை ரோட்டில் நேராக விட்டார்.