பொசிடிவ் என்றால் நல்லது என்று நினைத்தவள்

குளித்துவிட்டு உடம்பைத் துடைக்கும்போது இடது மார்பில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. கடலையளவு. நோகவில்லை. நோகாததால் இரண்டு மாதம் பேசாமல் இருந்தேன்.

அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, விளங்கியது போலத் தலையாட்டுபவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பயொப்சி (கட்டியில் சிறு துண்டெடுத்துச் சோதிப்பது) புற்றுநோய் என்றது. கெட்டிக்காரர் என்று பெயரெடுத்த ஒரு சத்திரசிகிச்சை நிபுணர் கட்டியையும், அக்குளில் சில நிணநீர்க் கணுக்களையும் (நோய் பரவினால் முதலில் போய்த் தங்கக்கூடிய சிறு முடிச்சுகள்) வெட்டியெடுத்தார். அவருடைய கையில் குறையில்லை. வாயைப் பற்றித்தான் சொல்ல இருக்கிறது.

அறிக்கை வந்த அன்று அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "நோட்ஸ் பொசிடிவ். காயம் ஆறினாப்பிறகு வாங்கோ, மிச்சத்தைக் கதைப்பம்" என்றார். நோட்ஸ் என்றது வெட்டியெடுத்த அந்தக் கணுக்களை. எனக்கும் கணவருக்கும் பின்னால் இருபது பேர் காத்திருந்தார்கள். எழும்பினோம்.

நான் ஹெவ்லொக் டவுனில் இருபத்தாறு வருடம் ஆங்கிலம் படிப்பித்தவள். பொசிடிவ் என்றால் நல்லது. படியிறங்கும்போதே என் கணவர் கனடாவிலுள்ள தங்கைக்கு, "எல்லாம் பொசிடிவ் எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார்" என்று அறிவித்தார். கிருலப்பனையிலிருந்து மச்சாள் கேக் கொண்டுவந்தாள். நான் இரண்டு துண்டு சாப்பிட்டேன். நினைத்தால் இன்றைக்கும் என்மீதே அருவருப்பு வருகிறது.

காயம் ஆறியது. நல்ல செய்திக்கு என்ன அவசரம்? யாழ்ப்பாணத்தில் ஒரு கலியாணத்துக்குப் போய் வந்தோம். மூன்று மாதம் போனது. மருத்துவமனையிலிருந்து ஒருவரும் ஏனென்று கேட்கவில்லை.

பிறகு இடது கை வீங்கியது. பாமன்கடையில் ஒரு சின்னக் கிளினிக்குக்குப் போனேன். அங்கிருந்த இளம் தாதி அறிக்கையை வாசித்துவிட்டுக் கேட்டாள்.

"கீமோ எத்தினை முடிஞ்சுது, அன்ரி?"

"கீமோ என்னத்துக்கு? எல்லாம் பொசிடிவ்தானே."

அவள் கதிரையை எனக்குக் கிட்ட இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அன்ரி, பொசிடிவ் எண்டா தேடினது இருக்கு எண்டு அர்த்தம். வருத்தம் உங்கட அக்குளுக்கும் பரவியிருக்கு."

அவ்வளவுதான். அதைச் சொல்ல அவளுக்கு அரை நிமிடம்கூடத் தேவைப்படவில்லை.

மறுநாளே நிபுணரிடம் போனோம்.

"நான் அண்டைக்கே சொன்னனான். நீங்கள் இங்கிலிஷ் டீச்சர்தானே?" என்றார்.

"பொசிடிவுக்குத் தமிழில என்ன, டொக்டர்?"

"அதெல்லாம் டெக்னிகல் வேர்ட்ஸ்."

என் கணவர் பெரிய மனிதர்கள் முன்னால் குரலுயர்த்தியதே இல்லை. அன்றும் உயர்த்தவில்லை. "பரவீட்டுது எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே, ஐயா" என்றார். நிபுணர் கணினித் திரையைப் பார்த்தார். அந்தப் பெரிய படிப்பில் அந்த ஒரு சொல் இல்லை.

கீமோவை (புற்றுக் கலங்களைக் கொல்லும் மருந்தை நாளத்தில் ஏற்றுவது) வேறொரு மருத்துவரிடம் எடுத்தேன். மயிர் கொட்டியது. வாயில் எந்நேரமும் இரும்பு ருசி. பார்க்க வந்தவர்கள் எல்லோரும், "பொசிடிவா யோசியுங்கோ" என்றார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன்.

புது மருத்துவரிடம் ஒவ்வொரு சொல்லுக்கும் அர்த்தம் கேட்டு எழுதினேன். ஒருநாள், அந்த மூன்று மாதம் எனக்கு என்ன செய்தது என்றும் கேட்டேன்.

"தெரியாதம்மா. அதைச் சொல்ல ஒரு சோதனையும் இல்லை" என்றார். அவரை அன்றுதான் முழுதாக நம்பினேன்.

இப்போது நான் ரெமிஷனில் இருக்கிறேன் (தேடியதில் நோய் தென்படவில்லை என்பது, போய்விட்டது என்பதல்ல). இடது கை வலது கையைவிடத் தடித்திருக்கிறது, காப்பு ஏறாது. நான்கு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கான். அதற்கப்பால் உள்ள நாட்களை நான் எண்ணுவதில்லை.

மெல்பேணிலிருந்து மகள் நேற்றுக் கதைத்தாள். "அடுத்த வருசம் பிள்ளையின்ர பிறந்தநாளுக்கு வருவீங்கள்தானே, அம்மா?"

"ஓம்" என்றேன். அதற்கு என்ன அர்த்தம் என்று அவள் கேட்கவில்லை.