இரண்டு பேர் பிரேக் போடும் வண்டி

திருட்டுப்போய்த் திரும்பக் கிடைத்த கார்களை நிறுத்திவைக்கும் போலீஸ் யார்டுக்குப் பொறுப்பாளர் அவர். ஆனால் எல்லோரும் கூப்பிட்டது மாமனார் என்றுதான். அவருக்குப் பெண்ணும் கிடையாது, மருமகனும் கிடையாது. இருந்தது மனைவி ஒருத்தி. அந்த அம்மாளே நாலு பேருக்குச் சமம் என்பது வேறு விஷயம்.

பேர் வந்த கதை இதுதான். காருக்குச் சொந்தக்காரர் வந்து, கோர்ட்டு உத்தரவைக் காட்டி, கையெழுத்துப் போட்டு, காரை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது இவர் கேட் வரைக்கும் பக்கத்திலேயே நடந்து வருவார். "பாத்துக் கூட்டிட்டுப் போங்க. யார் யார் கையிலயோ அடிபட்டு வந்திருக்கு. கோவத்துல கியர் மாத்தாதீங்க" என்பார். சொல்லும்போதே குரல் கம்மிவிடும். முதல் தடவை இதைப் பார்த்த ஏட்டய்யா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அன்றிலிருந்து மாமனார்.

யார்டில் நாலு வரிசை. நாலுக்கும் பேர் வைத்தது மாமனாரேதான். எல்லாம் ஒழுங்காக வந்து சேர்ந்த கார் 'முழுசு'. டயர், பேட்டரி, சீட்டு என்று ஏதோ ஒன்று போயிருந்தால் 'அரைகுறை'. கூடு மட்டும் வந்தால் 'எலும்பு'. நாலாவது வரிசைதான் பாவப்பட்டது. இன்ஜின் நம்பரையும் சேசிஸ் நம்பரையும் திருடன் ராவிவிட்டிருப்பான். வேறு பெயின்ட் அடித்திருப்பான். யாருடையது என்று சொல்ல வழியே இருக்காது. அந்த வரிசைக்குப் பேர் 'அநாதை'. கார் உள்ளே வந்ததும் கண்ணாடியில் சாக்கட்டியால் மு, அ, எ என்று எழுதிவிடுவார். அநாதைக்கு மட்டும் எதுவும் எழுதமாட்டார். அவருக்கு மனசு வராது. குறிப்பிட்ட காலத்துக்குள் யாரும் நிரூபித்துக் கேட்காவிட்டால் அநாதைகள் ஏலத்துக்குப் போகும்.

நல்ல கார் ஒன்று யாருமில்லாமல் நிற்கிறது என்றால் சும்மா இருப்பார்களா? 'இது என்னோடதுதான், எங்கப்பா வாங்கிக் கொடுத்தது' என்று கண்ணீரோடு வருகிறவர்களுக்குக் குறைவே இல்லை. அதனால் மாமனார் ஒரு வழக்கம் வைத்திருந்தார். வருகிறவரைக் கேட்டுக்கு வெளியிலேயே பெஞ்சில் உட்காரவைத்து, டீ கொடுத்து, ஒரே கேள்வி கேட்பார்: "காகிதத்துல இல்லாத ஒண்ணு சொல்லுங்க." அவர்கள் சொன்னதைக் கேட்டுக்கொண்டு இவர் மட்டும் உள்ளே போய்த் தேடுவார். இருந்தால்தான் உள்ளே விடுவார்.

ஒருவர், இடது இண்டிகேட்டரைப் போட்டால் தன் காரில் வைப்பர் தானாக ஓடும் என்றார். ஓடியது. ஒரு பெண், "பின்சீட்டு இடுக்குல என் மாமியாரோட பல்செட்டு கிடக்கும். அது இல்லாம நான் வீட்டுக்குள்ள கால் வைக்க முடியாதுங்க" என்றாள். மாமனார் கையை விட்டுத் துழாவி, கைக்குட்டையில் பொத்திக்கொண்டு வந்து கொடுத்தார். கார் கிடைத்ததைவிடப் பல்செட்டு கிடைத்ததற்குத்தான் அவள் அதிகம் சந்தோஷப்பட்டாள். இப்படிப்பட்ட கதைகளைச் சாயங்காலம் வீட்டில் சொல்லிச் சிரிப்பதில் அவருக்கு ஒரு தனி ருசி.

மனைவிக்கு அவரிடம் ஒரு குறை உண்டு. மாமனாருக்குக் கார் ஓட்டத் தெரியாது. இத்தனை வருஷம் கார்களுக்கு நடுவிலேயே இருந்தும், ஒரு காரை இந்த இடத்திலிருந்து அந்த இடத்துக்கு நகர்த்த நாலு கான்ஸ்டபிளைக் கூப்பிட்டுத் தள்ளச் சொல்லுவார். வாலிபத்தில் ஒரே ஒரு தடவை ஸ்டியரிங்கைப் பிடித்தார். கார் நேராக ஒரு முடிதிருத்தும் கடைக்குள் போய் நின்றது. அதோடு சரி.

"ஆறு நிறைய தண்ணி போனாலும் நாய் நக்கித்தான் குடிக்கணும்" என்பாள் மனைவி.

"என்னைத்தானே சொல்ற?"

"நான் பொதுவாச் சொன்னேன்."

ஒருநாள் டிரைவிங் ஸ்கூல் நடத்தும் டீச்சரம்மா வந்தார். ஐம்பதைத் தாண்டியவர், குள்ளமான உருவம், குரல் மட்டும் தெருக்கோடி வரை கேட்கும். மொத்த ஸ்கூலுக்கும் இருந்தது ஒரே ஒரு மஞ்சள் கார். காய்கறி வாங்க இறங்கிய நேரத்தில் அதை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். இன்சூரன்ஸ் விபத்துக்கு மட்டும்தான், திருட்டுக்குக் கிடையாது.

மாமனார் டீயைக் கொடுத்து வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"என் வண்டியில ரெண்டு பேர் பிரேக் போடலாம்ணே" என்றார் டீச்சரம்மா. "பக்கத்து சீட்டுலயும் கிளட்ச், பிரேக் ரெண்டும் இருக்கும். எங்க அண்ணன் பட்டறையில செஞ்சு மாட்டினது. அது இல்லேன்னா நான் என்னைக்கோ போய்ச் சேந்திருப்பேன்."

மாமனார் நிறத்தை நம்பி ஏமாறுகிறவர் இல்லை. மஞ்சளைத் தேடவில்லை. நாலு வரிசையிலும் ஒவ்வொரு ஜன்னலாகக் குனிந்து, பக்கத்து சீட்டின் காலடியில் பெடல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போனார். எதிலும் இல்லை. திரும்பி வந்து கையை விரித்தார்.

"வராமப் போயிடுமா? வரும்" என்று அவருக்கே தைரியம் சொல்லிவிட்டு டீச்சரம்மா கிளம்பினார். அதற்குப் பிறகும் வாரம் தவறாமல் வந்து கேட்பார். காரே இல்லாமல் ஸ்கூல் எப்படி நடக்கிறது என்று ஒருமுறை மாமனார் கேட்டதற்கு, "நாற்காலியில" என்றார். கூடத்தில் நாற்காலி போட்டு, கையில் சாப்பாட்டுத் தட்டைக் கொடுத்து, காலுக்குக் கீழே மூன்று செங்கல்லை வைத்து, கிளட்ச், பிரேக், ஆக்ஸிலேட்டர் என்று சொல்லிக்கொடுக்கிறாராம். சொல்லிவிட்டு அவரே விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் எத்தனை நாள் தட்டைச் சுற்றுவார்கள்? ஒவ்வொருவராக வேறு ஸ்கூலுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். மாதக் கடைசிக்குள் கார் வராவிட்டால் போர்டைக் கழற்றிவிட வேண்டியதுதான் என்று அவர் சொன்னபோது சிரிப்பு வரவில்லை. மாமனாரும் டீயைப் பாதியிலேயே கீழே வைத்தார்.

அந்த வாரம் விடாமல் மழை பெய்தது. மழை விட்டால் மாமனாருக்கு ஒரு வேலை உண்டு. கண்ணாடி உடைந்த கார்களுக்குள் தண்ணீர் குளமாகத் தேங்கியிருக்கும். சொம்பை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாக மொண்டு ஊற்றுவார். ஏலத்துக்கு ஆள் வருவதற்குள் அநாதை வரிசையை முடித்துவிடலாம் என்று அங்கிருந்து ஆரம்பித்தார். ஒரு சாம்பல் நிறக் கார். நாலு கண்ணாடியும் இல்லை. சீட்டு ஊறிப்போயிருந்தது. ஓட்டுகிறவர் பக்கம் தண்ணீர் நிற்கிறது. பக்கத்து சீட்டின் காலடியில் மட்டும் ஒரு சொட்டு இல்லை.

இதென்ன கூத்து, ஒரே மழை ஒரு பக்கம் மட்டும் பெய்யுமா என்று மாமனார் தரைவிரிப்பைத் தூக்கிப் பார்த்தார். தகரத்தில் நாலு ஓட்டை. வட்டமாக, டிரில் போட்ட ஓட்டை. துரு தின்ற ஓட்டை இல்லை. பக்கத்து சீட்டில் உட்காருகிறவன் காலடியில் ஓட்டை போடவேண்டிய அவசியம் யாருக்கு இருக்கும்?

மாமனார் சொம்போடு அப்படியே நின்றார். அவர் இருப்பதைத்தான் தேடினார்; கழற்றிப்போட்டதைத் தேடவில்லை. டிரைவிங் ஸ்கூல் காரைத் திருடுகிறவன் பெடலை விட்டுவைப்பானா? பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு அந்த அம்மாளை நெய்க்கு அலையவிட்டோமே என்று அவருக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. நனைந்த சீட்டிலேயே உட்கார்ந்து டீச்சரம்மாவுக்குப் போன் போட்டார்.

இன்ஸ்பெக்டர் நல்லவர்தான். ஆனால் சட்டத்துக்கு ஒரு படி இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நிற்காதவர். ஓடிவந்த டீச்சரம்மாவிடம் கேட்டருகே நின்று சொன்னார்: "நாலு ஓட்டை எந்த டிரைவிங் ஸ்கூல் வண்டியிலயும் இருக்கும். ராவின இடத்துல லேபுல ஆசிட் வெச்சுப் பாத்து நம்பர்ல கடைசி மூணுதான் எடுத்திருக்காங்க. அது உங்க நம்பரோட ஒத்துப்போகுது, சரி. அது மட்டும் போதாதும்மா. வேற ஏதாவது சொல்லுங்க."

டீச்சரம்மா இன்னும் கேட்டுக்கு வெளியேதான் நின்றிருந்தார். காரைக் கண்ணாலும் பார்க்கவில்லை. கையில் ஒரு கனமான இரும்புத் தகடு. முதலில் மாட்டியிருந்த பெடல் உடைந்தபோது கழற்றிவைத்த அடித்தகடு. இத்தனை நாளும் வீட்டில் காற்றுக்குக் கதவு சாத்திக்கொள்ளாமல் அதைத்தான் முட்டுக்கொடுத்து வைத்திருந்தாராம்.

"நாலு இல்ல சார், அஞ்சு" என்றார்.

"நாலுதாம்மா இருக்கு. நான் எண்ணிப் பாத்தேனே" என்றார் மாமனார்.

"இன்னும் முன்னால, இன்ஜின் பக்கமா பாருங்கண்ணே. எங்க அண்ணன் அவரோட நெட்டைக் காலுக்கு அளவெடுத்து முதல் ஓட்டையைப் போட்டுட்டாரு. எனக்கு எட்டவே இல்ல. திட்டு வாங்கிக்கிட்டு, கிட்டக்கத் தள்ளி வேற நாலு போட்டாரு. அந்த அஞ்சாவது இன்னும் அப்படியேதான் இருக்கும்."

மாமனார் ஓடினார். ஓடுகிற வயசும் இல்லை, ஓடுகிற தரையும் இல்லை. சேற்றில் ஒரு செருப்பு போய்விட்டது. குப்புறப் படுத்து, காலடியின் முன்கோடியில் மண்டியிருந்த சேற்றை விரலால் தோண்டினார். இருந்தது! எதற்கும் உதவாத, தப்பாகப் போட்ட, அழகான ஓட்டை. "அஞ்சு! அஞ்சு!" என்று அவர் போட்ட கத்தலில் யார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. தகட்டைக் கொண்டுவந்து மற்ற நாலின் மேல் வைத்தார்கள். அட்சரம் பிசகாமல் உட்கார்ந்தது. இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டே, "ஏலத்துலேர்ந்து இதை எடுத்துடுங்க" என்றார்.

மாமனார் சாக்கட்டியை எடுத்தார். கண்ணாடிதான் இல்லையே; பானெட்டிலேயே பெரிதாக 'மு' என்று எழுதினார்.

"கண்ணாடி இல்ல, பெடல் இல்ல, முழுசா மாமனாரே?" என்றார் ஏட்டய்யா.

"சொந்தக்காரங்க வந்துட்டாங்கல்ல? முழுசுதான்."

கோர்ட்டு உத்தரவு வரக் கொஞ்ச நாள் ஆகும். அதுவரைக்கும் ஸ்கூலைத் தாக்குப்பிடிக்க வேண்டுமே! நடந்ததையெல்லாம் கேட்ட மனைவி ஒரு முடிவுக்கு வந்தாள். "நீங்க பண்ண தப்புக்கு அந்தம்மாவுக்கு ஒரு மாணவனாவது மிஞ்சட்டும். நாளையிலேர்ந்து போய்ச் சேருங்க."

"நானா? இந்த வயசுலயா?"

"பின்ன, நானா முடிவெட்டுற கடைக்குள்ள வண்டி விட்டேன்?"

அப்படித்தான் மாமனார் நாற்காலியில் உட்கார்ந்து தட்டைச் சுற்றினார். செங்கல்லை மிதித்தார். பழகுநர் உரிமமும் வாங்கினார். யார்டில் கேலி தாங்கவில்லை. டீ குடிக்கும்போது ஏட்டய்யா தட்டை நீட்டி, "மாமனாரே, சந்து வருது, திருப்புங்க" என்பார். மாமனாரும் திருப்புவார்.

உத்தரவு வந்த அன்று டீச்சரம்மாவின் அண்ணன் புதுப் பெடலோடு வந்து, யார்டிலேயே உட்கார்ந்து, அதே நாலு ஓட்டையில் முடுக்கினார். டீச்சரம்மா கையெழுத்துப் போட்டார். பேட்டரி மாற்றினதும் கார் ஒரு இருமல் இருமி எழுந்தது. மாமனார் வழக்கம்போல வழியனுப்பும் பாட்டை ஆரம்பித்தார்.

"பாத்துக் கூட்டிட்டுப் போங்கம்மா..."

"நான் எங்க கூட்டிட்டுப் போறது? நீங்கதான் ஓட்டணும். ஏறுங்கண்ணே."

"எனக்கு இன்னும் ஓட்டத் தெரியாதேம்மா!"

"ஓட்டத் தெரிஞ்சவங்களோட எனக்கென்ன வேலை?"

மனைவி அவரை முந்திக்கொண்டு பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். எப்போது வந்தாள் என்று யாருக்கும் தெரியாது. மாமனார் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தார். பக்கத்தில் டீச்சரம்மா பெடல் மேல் கால் வைத்துத் தயாராக இருந்தார். கார் இரண்டு தடவை நின்றது; மூன்றாவது தடவை தவளை மாதிரி ஒரு துள்ளு துள்ளி நகர்ந்தது. எலும்பு வரிசையைத் தாண்டியது, அரைகுறையைத் தாண்டியது. கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற ஏட்டய்யா, "பாத்துக் கூட்டிட்டுப் போங்க மாமனாரே! கோவத்துல கியர் மாத்தாதீங்க!" என்று கத்தினார். கான்ஸ்டபிள்கள் விசிலடித்தார்கள்.

இத்தனை வருஷம் எத்தனையோ காரை வழியனுப்பிய கேட். அதைத் தாண்டித் தெருவில் இறங்கும்போது மாமனார் ஹாரனை ஒரு தடவை அழுத்தினார். சந்தோஷத்தில்தான். ஆனாலும் பயம் விடுமா? டீச்சரம்மாவின் கால் பிரேக்கில் இருக்கிறதா என்று ஓரக்கண்ணால் பார்த்தார்.

டீச்சரம்மா இரண்டு காலையும் தூக்கி, சீட்டின் மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"அம்மா! கால்!"

"ரோட்டைப் பாருங்கண்ணே" என்றார் டீச்சரம்மா. "நீங்க ஓட்டிக்கிட்டு இருக்கீங்க."