தம்பி சுருட்டுக் குடிக்கவில்லை

என் மகள் உயிரோடு இருக்கிறாள். நான் இதை எழுதும்போது அவள் பின்வளவில் நின்று தொலைபேசியில் யாரையோ ஏசிக்கொண்டிருக்கிறாள். ஓர் ஆண்பிள்ளை ஏசுவதுபோலக் கேட்கிறது. அந்தத் தடித்த குரலைக் கேட்கக் கேட்க என் நெஞ்சு நிறைகிறது. அது ஏன் என்று சொல்வதென்றால் நான் சொன்ன ஒரு பொய்யிலிருந்துதான் தொடங்கவேண்டும்.

எங்கள் குடும்பத்தில் தலை இளமையிலேயே நரைக்கும். எனக்கு இருபத்திரண்டு வயதில் பாதித்தலை வெள்ளை. என் ஒரே தம்பிக்கு அதற்கும் முன்னர். மானிப்பாயில் விலங்கியல் ஆசிரியனாகச் சேர்ந்த காலத்திலிருந்து நான் டை பூசினேன். பெண் பார்க்கப் போனதும் டையோடுதான். மகளுக்குப் பள்ளிக்கூடம் முடியுமுன்னரே நரை வந்தபோது நானே கிண்ணத்தில் கரைத்து, பழைய பிரஷ்ஷால் பூசிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் எங்கள் வீட்டில் அது ஒரு வழக்கமாகிவிட்டது.

தம்பி நாற்பத்தைந்து வயதில் மூச்செடுக்க முடியாமல் இறந்தான். நுரையீரல் தழும்பேறி இறுகிவிட்டது என்றார்கள். காரணம் யாருக்கும் தெரியவில்லை. செத்தவீட்டிலேயே சனம் கேட்கத் தொடங்கிவிட்டது. "உது பரம்பரையிலை வாற வருத்தமோ?"

எனக்கு ஒரு பெண்பிள்ளை வளர்ந்துகொண்டிருந்தாள். கலியாணம் பேச வருகிறவர்கள் முதலில் விசாரிப்பது இதைத்தான். "சுருட்டு. ஒளிச்சு ஒளிச்சுக் குடிச்சவன்" என்றேன். கெட்ட பழக்கமென்றால் அவனோடு போய்விடும், பரம்பரை வருத்தமென்றால் வீட்டோடு நின்றுவிடும் என்பது என் எண்ணம். தம்பியின் மனைவி தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். அவன் வாழ்நாளில் ஒரு பீடியைக்கூடத் தொட்டதில்லை.

அதற்குப் பிறகு அவளை நேருக்கு நேர் பார்ப்பதைத் தவிர்த்தேன். பண்டத்தரிப்புக்கு அவள் வீட்டுக்குப் போனாலும் வாசலோடு திரும்பிவிடுவேன். ஊர் என் பொய்யை நம்பியது. என் மகளும் நம்பினாள்.

போன வருடம் மகளுக்கு முப்பத்தொரு வயது. அவள் கணக்கு ரீச்சர். ஒரு நல்ல இடத்தில் கலியாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம், பல் துலக்கினால் முரசிலிருந்து இரத்தம் நிற்காமல் வந்தது. மேசை விளிம்பில் இடித்த இடமெல்லாம் கன்றிப்போனது. எலும்பு மச்சை இரத்தம் செய்வதை நிறுத்திக்கொண்டு வருகிறது என்றார்கள். இரத்தம் ஏற்ற ஏற்ற இறங்கியது.

யாழ்ப்பாண நகரத்தில் எங்களைப் பார்த்த டொக்டர் ஓர் இளம் பெண். உடம்பே தன் மச்சையைத் தாக்குகிற வருத்தமாக இருக்கலாம், அதற்குக் கொழும்பில் கடுமையான வைத்தியம் ஒன்று உண்டு, உடனே தொடங்கவேண்டும் என்றார். அனுப்புமுன் கடைசியாகக் கேட்டார்.

"சொந்தத்துக்குள்ளை ஆருக்கும் இரத்தம், ஈரல், நுரையீரல் வருத்தம் இருந்ததோ?"

மகள்தான் பதில் சொன்னாள். "சித்தப்பா நெஞ்சு வருத்தத்திலை செத்தவர், டொக்டர். ஆனா அது சுருட்டுக் குடிச்சு வந்தது."

டொக்டர் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். என் பொய் என் பிள்ளையின் வாயால் வந்து அவளுடைய கழுத்தையே நெரிப்பதை நான் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

"அவன் சுருட்டுக் குடிக்கேல்லை" என்றேன்.

மகள் திரும்பினாள். "என்னப்பா? நீங்கள்தானே சொன்னனீங்கள்!"

"நான் பொய் சொன்னனான் பிள்ளை." பிறகு டொக்டரிடம், "எங்கடை ரெண்டு பேற்றை தலையும் டை. தம்பிக்கும் எனக்கும் இவவுக்கும் இளவயசிலையே நரைச்சிட்டுது" என்றேன்.

டொக்டர் பேனையை வைத்துவிட்டு எங்கள் இரண்டு கறுத்த தலைகளையும் மாறி மாறிப் பார்த்தார். "ஐயா என்ன வேலை செய்தனீங்கள்?"

"விலங்கியல் படிப்பிச்சனான்."

"அப்ப டெலோமியர் எண்டா என்னெண்டு நான் உங்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை."

தேவையில்லைத்தான். எத்தனையோ வகுப்புகளுக்கு அதை நானே கரும்பலகையில் கீறிக் காட்டியிருக்கிறேன். கிணற்று நைலோன் கயிற்றின் நுனியை நெருப்பில் காட்டி உருக்கிவிடுவோம், புரி பிரியாமல் இருக்க. குரோமோசோம் என்கிற நிறமூர்த்தங்களின் நுனியிலும் அப்படி ஒரு காப்பு இருக்கிறது. அதுதான் டெலோமியர். கலம், அதாவது செல், ஒருமுறை பிரிய, அது கொஞ்சம் தேயும். நன்றாகத் தேய்ந்ததும் கலம் பிரிவதை நிறுத்தும், அல்லது செத்துப்போகும். பெரும்பாலானோருக்கு அது முதுமைவரை தாக்குப்பிடிக்கும். சில குடும்பங்களில் பிறக்கும்போதே கட்டை. தலைமுறைக்குத் தலைமுறை இன்னும் கட்டையாகலாம். மச்சை, நுரையீரல், மயிர்வேர் எல்லாம் காலத்துக்கு முன்னரே களைத்துப்போகும். இதையெல்லாம் பிள்ளைகளுக்குப் படிப்பித்துவிட்டு, ஞாயிறு காலையில் கண்ணாடிக்கு முன் நின்று அந்த அடையாளத்துக்கு மை பூசியவன் நான்.

கொழும்புப் பயணத்தை நிறுத்தினார்கள். மகளின் இரத்தம் வெளிநாட்டுப் பரிசோதனைக்கூடத்துக்குப் போனது. டெலோமியர் அவள் வயதுக்கு மிகவும் கட்டை என்று முடிவு வந்தது. அந்தக் கடுமையான வைத்தியத்தால் இந்த வருத்தத்துக்குப் பலன் இராது, கெடுதல்தான் மிஞ்சியிருக்கும் என்றார் டொக்டர். அதற்குப் பதிலாக ஆண் ஹோர்மோன் போன்ற ஒரு மாத்திரை கொடுத்தார்.

நான் டொக்டரிடம் உண்மையைச் சொன்ன அன்று, மானிப்பாய் பஸ்ஸில் மகள் எனக்கு முன் இருக்கையில் தனியே போய் இருந்தாள். இறங்கியதும் கேட்டாள். "சித்தியிட்டை ஆர் சொல்லுறது?"

"நான்தான்."

"நாலு சனத்துக்கு முன்னாலை சொல்லவேணும். பொய்யை நாலு சனத்துக்கு முன்னாலைதானே சொன்னனீங்கள்."

மாப்பிள்ளை வீட்டுக்கு அவளே தொலைபேசி எடுத்து உள்ளதைச் சொன்னாள். அவர்கள் பின்வாங்கினார்கள். "ஒரு தலையிடி குறைஞ்சுது" என்றாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை டைக் கிண்ணத்தை எடுத்துப்போய்க் கோழிக்குத் தண்ணீர் வைத்தாள்.

மாத்திரை தொடங்கிச் சில மாதங்களில் இரத்தம் தானாக ஏறத் தொடங்கியது. ஏற்றுகிற இடைவெளி நீண்டது, பிறகு ஏற்றவே தேவைப்படவில்லை. அதோடு அவளுடைய குரலும் தடித்தது. மேலுதட்டில் பூனைமயிர் அரும்பியது. ஒருநாள் பள்ளிக்கூடத்தால் சிரித்துக்கொண்டு வந்தாள்.

"மருதனார்மடத்திலை 'இறக்கம்' எண்டு கத்தினன் அப்பா. கொண்டக்டர் திரும்பிப் பாராமலே 'பொறுங்கோ அண்ணை' எண்டான்!"

நானும் சிரித்தேன். சிரித்து முடிக்கமுடியாமல் அழுதேன்.

போன மாதம் தம்பியின் திவசம். பண்டத்தரிப்பு வீட்டில் சொந்தக்காரர் எல்லாரும் வந்திருந்தார்கள். நாங்கள் இரண்டு வெள்ளைத் தலைகளோடு உள்ளே போக, கதைத்துக்கொண்டிருந்தவர்கள் கதையை நிறுத்தினார்கள். படையலுக்கு முன் எழுந்து நின்று சொன்னேன்: தம்பி சுருட்டுக் குடிக்கவில்லை, அது நான் சொன்ன பொய், அவனைக் கொன்ற வருத்தம் எங்கள் இரத்தத்தில் வந்தது.

தம்பியின் மனைவி கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். பிறகு, "இந்த வீட்டிலை நெருப்புப்பெட்டி ஒருநாளும் அடுப்படியைவிட்டு வெளியிலை வந்ததில்லை, அத்தான். ஒருத்தரும் என்னட்டைக் கேக்கேல்லை" என்றாள்.

"என்னிலை பிழை, தங்கச்சி."

"ஓம். உங்களிலைதான் பிழை." அவள் என்னை மன்னித்தேன் என்று சொல்லவில்லை. மகளைப் பார்த்து, "எழும்பி ஒரு தேவாரம் பாடு" என்றாள்.

மகள் பாடினாள். முற்றத்தில் இலை வெட்டிக்கொண்டிருந்தவர்கள் எந்த ஆம்பிளை பாடுகிறான் என்று எட்டிப் பார்த்தார்கள். ஒரு வருடத்துக்கு முன் ஒரு வரியை முடிக்க மூச்சில்லாமல் கிடந்தவள், வீட்டு ஓடு அதிரப் பாடினாள். பாடி முடிந்ததும் தம்பியின் மனைவி சேலைத்தலைப்பால் கண்ணைத் துடைத்தாள்.

"பெட்டைக்குச் சித்தப்பாவின்ரை தொண்டை வந்திட்டுது" என்று சொல்லிவிட்டு, மகளின் இலையில் இன்னொரு அகப்பை பாயாசம் ஊற்றினாள். எனக்கும் ஊற்றினாள்.