வாங்க முடியாத வாங்கு

பழைய இரும்புக்குப் பைத்தியமான ஆண்களைப் பற்றி யாரும் எனக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஜெர்மனியில் ரூர் பக்கத்தில், வாகன ஆசனங்களுக்குத் தோலும் துணியும் தைக்கிற ஒரு பட்டறையில் வருடக்கணக்காக வேலை செய்கிறேன். ஹொட் ரொட் கட்டுகிறவர்கள் எங்களிடம்தான் வருவார்கள். ஹொட் ரொட் என்றால் வேறொன்றுமில்லை. இரண்டாம் உலகப் போருக்கு முந்திய காலத்துக் காரோ சின்ன லொறியோ ஒன்றின் கூட்டை எடுத்து, கூரையைத் தாழ வெட்டி, அதன் வயதுக்குச் சற்றும் பொருந்தாத பெரிய எஞ்சினைப் பூட்டி, ஊரை எழுப்பிக்கொண்டு ஓடுவது. மற்றச் சாமான்களைக் கடையில் வாங்கினால் அவர்களுக்கு மரியாதைக் குறைவு. பியர்ப் பீப்பாயில் பெற்றோல் தாங்கி செய்வார்கள். தையல் மெசினின் மிதியை அக்சிலரேட்டர் ஆக்குவார்கள். உடுப்புத் தோய்க்கிற மெசினின் உருளைக்குள் முன்விளக்கைப் பூட்டியவரையும் கண்டிருக்கிறேன். இது எதிலிருந்து கழற்றினது என்று கேட்டவர் பதிலைக் கேட்டு வாயைப் பிளக்க வேண்டும், அதற்காகத்தான் இவ்வளவு பாடும்.

சண்டைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் கார் ஓடியது. கையில் கிடைத்ததையெல்லாம் பூட்டித்தான் ஓடியது. அதைப் படம் பிடித்துக் கண்காட்சியில் வைக்க ஒருவரும் வரவில்லை. நாங்கள் செய்தால் அதற்குப் பெயர் இல்லாமை, இவர்கள் செய்தால் கலை.

இந்த ஆட்களின் வாயில் எப்போதும் இருக்கிற சொல் பட்டினா. தேய்வு, மங்கல், கீறல், கறை, காலம் ஒரு பொருளின் மேல் விட்டுப் போகிற எல்லாம் பட்டினாதான். அதைத் துடைத்தால் கொலை செய்த மாதிரிப் பார்ப்பார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அது என் காதில் பத்தினி என்றுதான் விழுந்தது. “இந்த வண்டிக்கு நல்ல பத்தினி இருக்கு எண்டு சொல்லுறாங்களப்பா, என்ன கோதாரியோ தெரியாது” என்று வீட்டில் வந்து சொன்னேன். என் மனுசன் சாப்பாட்டுக் கோப்பையை வைத்துவிட்டுச் சிரித்தார். அதன்பிறகு நான் வேலையால் வரும்போதெல்லாம் அவருக்கு ஒரே கேள்விதான். “இண்டைக்கு எத்தினை பத்தினியளுக்கு உடுப்புத் தைச்சனீர்?”

அவர் பாண் சுடுகிற தொழிற்சாலையில் வேலை செய்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் களைத்துப்போய் இருப்பார். ஆனாலும் தமிழ்ப் பூசை இருக்கிற ஞாயிறுகளில் வராமல் விடமாட்டார். கத்தோலிக்கர் எங்களுக்குத் தேவாலயமும் கோயில்தான். ஜெர்மன்காரருக்குக் காலையிலும் எங்களுக்குப் பின்னேரத்திலும் அந்தக் கோயில் திறந்தது. இடப்பக்கத்தில், தூணுக்குப் பக்கத்து வாங்குதான் எங்களுடையது. பெஞ்சை நாங்கள் வாங்கு என்றுதான் சொல்வோம். அவர் ஓரத்தில் இருப்பார், நான் அவருக்குப் பக்கத்தில். பிரசங்கம் தொடங்கியதும் கையை வாங்கின் முனைப் பலகையில் போட்டுக்கொண்டு ஒரு குட்டித் தூக்கம் போடுவார். அவருடைய கைமணிக்கூட்டுச் சங்கிலி அந்தப் பலகையில் உரசி உரசி, சாய்வான கீறல்கள் விழுந்துபோயின. “கோயில் சாமானைப் பழுதாக்காதேங்கோ” என்று எத்தனை தரம் கையைத் தட்டிவிட்டிருப்பேன். கடைசி வருடங்களில் சலரோகம் என்கிற சர்க்கரை வியாதி காலைப் பிடித்துவிட்டது. சுவிசேஷத்துக்கு எழும்பும்போது அதே இடத்தில்தான் கையை ஊன்றி எழும்புவார். அங்கே வார்னிஷ் போய் மரம் வெளுத்திருந்தது.

அவருடைய அடக்கப் பூசையும் அங்கேதான் நடந்தது. அடுத்த வருடமே கோயிலை மூடப்போவதாக அறிவித்தார்கள். காலைப் பூசைக்கு ஆட்கள் இல்லையாம், கூரை திருத்தக் காசு இல்லையாம். பின்னேரப் பூசைக்கு நாங்கள் நிறையப் பேர் வந்துகொண்டிருந்தோமே என்று எங்கள் ஆட்கள் கேட்டுப் பார்த்தார்கள். நீங்கள் இங்கே விருந்தாளிகள் என்று நல்ல பண்பாகப் பதில் வந்தது. கடைசிப் பூசைக்கு, அந்த வாசலை மிதித்தே பல காலமான சனமெல்லாம் வந்து நின்று அழுதது. நான் அழவில்லை, எனக்கு ஆத்திரம்தான் வந்தது. மறுநாள் பங்கு அலுவலகத்துக்குப் போய், கோயில் போகட்டும், அந்த ஒரு வாங்கை மட்டும் நான் வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்டேன். அங்கிருந்த அம்மா மன்னிப்புக் கேட்டார். எல்லா வாங்குகளையும் சேர்த்துப் பழைய மர வியாபாரி ஒருவருக்குப் பேசி முடித்தாகிவிட்டதாம்.

போனது போனதுதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். சில மாதங்கள் கழித்து எங்கள் பட்டறை வாசலில் ஒரு வான் வந்து நின்றது. வந்தவர் எங்கள் பழைய வாடிக்கையாளர், ஒரு பல் வைத்தியர். சின்ன லொறி ஒன்றை ஹொட் ரொட் ஆக்கிக்கொண்டிருந்தார். அவரும் என் முதலாளியும் வானிலிருந்து நீளமான ஒரு வாங்கை இறக்கினார்கள். அதில் இரண்டு பேர் இருக்கக்கூடிய அளவை ஒரு முனையோடு வெட்டி, அடியில் இரும்புச் சட்டம் கொடுத்து, தோல் போட்டு ஆசனம் ஆக்க வேண்டுமாம். கோயில் வாங்கில் இருந்து கார் ஓட்டுவது நல்ல யோசனை இல்லையா என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

நான் முனைப் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சாய்வான கீறல்கள், பக்கத்தில் வெளுத்த மரம். எங்கள் வாங்குதான்.

முதலில் கெட்டித்தனமாகப் பேசிப் பார்த்தேன். “இந்த முனை பழுதாகிவிட்டது. மற்ற முனையை எடுங்கள், அங்கே வார்னிஷ் புதிதுபோல இருக்கிறது” என்று தொழில் தெரிந்தவளாய்ச் சொன்னேன். மீதியாகும் துண்டை எப்படியாவது கேட்டு வாங்கிவிடலாம் என்று நினைத்தேன். அவர் சிரித்தார். புதிதுபோல இருப்பதை வைத்துக்கொண்டு தான் என்ன செய்வது என்றார். என் மனுசன் கை ஊன்றிய இடத்தைத் தன் பெருவிரலால் தடவினார். “இதைப் பாருங்கள், என்ன பட்டினா!”

அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். அது யாருடைய கை, யாருடைய மணிக்கூடு, அவருக்குப் பக்கத்தில் இருந்தது யார், அவரை எங்கே வைத்துப் பூசை செய்தோம், எல்லாவற்றையும். “அந்த முனையை எனக்குத் தாருங்கள். என்ன விலை என்றாலும் தருகிறேன். உங்களுக்கு மற்ற முனை இருக்கிறதுதானே” என்று கேட்டேன். அந்த மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் கெட்ட மனிதர் இல்லை, அதுதான் எனக்கு இன்றைக்கும் எரிச்சல். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். தந்துவிடப் போகிறார் என்றே நம்பினேன்.

“இப்படி ஒரு கதை எந்த வண்டிக்கும் கிடைக்காது. இதைக் கேட்ட பிறகு இந்த முனையைப் பிரிய எனக்கு மனம் வரவே வராது. உங்கள் கணவருக்கு இது இரண்டாவது வாழ்க்கை” என்றார்.

நான் பொய் சொன்னபோது அவருக்கு அது ஒரு பழைய மரம். உண்மையைச் சொன்னதும் விலை ஏறிவிட்டது. மீதித் துண்டை நான் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று பெருந்தன்மையாகச் சொன்னார். அந்தப் பக்கத்தில் யார் யாரோ இருந்தார்கள். எனக்கு எதற்கு அது?

முதலாளி என்னைத் தனியே கூப்பிட்டு, விருப்பமில்லை என்றால் தான் இந்த வேலையைச் செய்வதாகச் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். இன்னொருவர் அதில் ஆணி அடிப்பதை நின்று பார்க்க என்னால் ஏலாது. வாங்கு அறுபடும்போது மட்டும் வெளியே போய் நின்றேன். மற்றதெல்லாம் என் கைவேலை. அடியில் கம்பளி விரித்து, கருஞ்சிவப்புத் தோலை இழுத்து மடித்து, மூலைகள் சுருங்காமல் அடித்தேன். முனைப் பலகையை மூடக்கூடாது, கீறல் தெரிய வேண்டும் என்று அந்த மனிதர் மூன்று முறை தொலைபேசியில் சொன்னார். மூட எனக்கும் மனமில்லை. இருவர் இருக்கும் அளவு என்றதால் என்னுடைய இடமும் வண்டிக்குள் போனது. வாழ்க்கையில் அவ்வளவு நேர்த்தியாக நான் எதையும் தைத்ததில்லை, அவ்வளவு ஆத்திரத்தோடும் தைத்ததில்லை.

மகள் வேறு நகரத்தில் வேலை செய்கிறாள். தொலைபேசியில் புத்தி சொன்னாள்.

“அம்மா, உது வெறும் மரம். விடுங்கோ. அப்பா உதுக்குள்ளை இல்லை.”

“இல்லை எண்டு எனக்கும் தெரியும். பின்னை எங்கை இருக்கிறார் எண்டு நீ சொல்லு பாப்பம்” என்றேன். பாவம், அவளோடு கோபித்து என்ன பயன்?

கோடையில், மூடிக்கிடந்த நிலக்கரிச் சுரங்கம் ஒன்றின் முற்றத்தில் ஹொட் ரொட் கண்காட்சி வைத்தார்கள். முதலாளி வற்புறுத்தியதால் போனேன். எங்கள் வண்டியைச் சுற்றித்தான் கூட்டம். பக்கத்தில் ஒரு பலகையில் கதையை அச்சடித்து வைத்திருந்தார் பல் வைத்தியர். அதில் என் மனுசன் மீன்பிடிக்காரராகி, சின்ன வள்ளத்தில் உயிர்தப்பி ஐரோப்பாவுக்கு வந்திருந்தார். அவர் கடலில் கால் நனைக்கவே பயந்த ஆள். கொழும்பிலிருந்து விமானத்தில் வந்தவர், அதிலும் வழியெல்லாம் சத்தி எடுத்துக்கொண்டு வந்தவர். அதைச் சொன்னேன். பல் வைத்தியர் மன்னிப்புக் கேட்டார், திருத்துவதாகவும் சொன்னார். ஆனால் பலகை அப்படியே இருந்தது.

“இவர்தான் அந்த மனைவி” என்று கூட்டத்துக்கு என்னைக் காட்டி, கையைப் பிடித்து வண்டியில் ஏற்றிவிட்டார். என் இடத்தில் இருந்தேன். இடப்பக்கம் திரும்பினால் ஸ்டியரிங் வளையம். அதற்கு அந்தப் பக்கம் முனைப் பலகை. கையை நீட்டி அந்த வெளுத்த இடத்தில் வைத்தேன். உடனே நாலைந்து தொலைபேசிகள் என் முகத்துக்கு நேரே உயர்ந்தன. சட்டென்று இறங்கிவிட்டேன். அவர் பின்னாலே ஓடிவந்து, எப்போது விருப்பமோ அப்போது வந்து தனியாக இருந்துவிட்டுப் போகலாம், முன்கூட்டியே நேரம் குறித்து ஒரு டெர்மின் மட்டும் எடுத்தால் போதும் என்றார். பல் பிடுங்கவும் அவரிடம் டெர்மின், என் மனுசனுக்குப் பக்கத்தில் இருக்கவும் டெர்மின்.

அவ்வளவு கோபம் இருந்தும், ரோசத்தை விட்டுவிட்டு நான் டெர்மின் கேட்டேன். என் மனுசனுடைய ஆண்டுத் திவசம் வந்தது. எங்கள் ஆட்களின் பூசை இப்போது வேறொரு கோயிலில், வேறு வாங்குகளில் நடக்கிறது. அங்கே போய்வந்த பின்னேரம் மனம் ஒரு நிலையில் இல்லை. பல் வைத்தியருக்குத் தொலைபேசி எடுத்து, பத்து நிமிடம் வந்து இருந்துவிட்டுப் போகிறேன் என்றேன்.

அவர் முதலில் சுகம் விசாரித்தார். பிறகு, வண்டியை விற்றுவிட்டதாகச் சொன்னார். பெல்ஜியத்திலிருந்து வந்த ஒரு தம்பதி பார்த்த உடனேயே கேட்டார்களாம், தட்ட முடியவில்லையாம். “நீங்கள் கவலைப்படாதீர்கள். கதையையும் சேர்த்துத்தான் கொடுத்தேன். அந்தக் கதைப் பலகையையும் கொண்டுபோயிருக்கிறார்கள்” என்றார். என் கதை கேட்டு அந்தப் பெல்ஜியக்காரரின் மனைவி விம்மி விம்மி அழுதாவாம். அழுது முடித்து, கண்ணைத் துடைத்துவிட்டு, ஏறி என்னுடைய இடத்தில் இருந்துகொண்டு போனாவாம்.